உளநோயர் உரிமையும் கருவூலத்தின் கடமையும்

உடல் நோயுற்றவனுக்குக் கட்டிலும் கனிவும். உளம் நோயுற்றவனுக்குத் தளையும் தனிமையும். நெடுங்காலமாக இந்நாட்டின் நடைமுறை இதுவே. காய்ச்சல் கண்டவனைத் தோளில் தாங்கிக்கொண்டு மருத்துவமனைக்கு விரையும் அதே ஊர், உள்ளம் கலங்கித் தெருவில் பிதற்றித் திரிபவனைக் கண்டால் நகைக்கிறது. சிறுவர் கல்லெறிவதைப் பார்த்தும் வாளா நிற்கிறது. வீட்டாரோ நாணிக் கதவடைக்கின்றனர். நோய் இரண்டும் நோயே. இரண்டுக்கும் மருந்துண்டு, இரண்டுக்கும் மருத்துவருண்டு. இருந்தும் ஒருவனை நோயாளி என்பதும் மற்றொருவனைப் 'பைத்தியம்' என்பதும் எவ்வகை நயன்மை? அவ் வசைச்சொல் தமிழுமன்று. அதனை வாய்கூசாது வழங்குவது தமிழ்ப்பண்பும் அன்று.

இவ் வேறுபாடு எங்குக் கொண்டுபோய் விடும் என்பதைத் தமிழ்நாடு ஒருமுறை கண்ணெதிரே கண்டது. 2001-ஆம் ஆண்டு ஆகசுட்டுத் திங்கள் 6-ஆம் நாள் விடியற்காலையில், முகவை மாவட்டத்து ஏர்வாடியில், தனியார் நடத்திவந்த உளநோயர் விடுதியொன்றின் கொட்டகை தீப்பற்றி எரிந்தது. தளை பூட்டப்பட்டுக் கிடந்தோர் எழுந்தோட இயலாமல் வெந்து மாண்டனர். மாண்டோர் 28 பேர். அவர்கள் கொலை செய்தவர் அல்லர். களவு செய்தவர் அல்லர். நோயுற்றது ஒன்றே அவர்கள் செய்த குற்றம். உச்ச நயன்மன்றம் தானே முன்வந்து அதனை வழக்காக எடுத்துக்கொண்டது. அங்கிருந்த அத்தகைய விடுதிகள் மூடப்பட்டன. நூற்றுக்கணக்கானோர் அரசின் பொறுப்பில் வந்தனர்.

அவர்களை அங்குக் கொண்டு சேர்த்தவர் யாவர்? பகைவர் அல்லர், பெற்றோரும் உடன்பிறந்தாருமே. வீட்டுக்கு அண்மையில் உளமருத்துவர் இல்லை. தொலைநகருக்குக் கிழமைதோறும் சென்றுவரக் கையில் பணமில்லை. வேலைக்குச் சென்றால்தான் அடுப்பெரியும் வீட்டில், நோயரை அருகிருந்து காக்க ஆளுமில்லை. எஞ்சியது ஏர்வாடித் தர்காவில் வேண்டிக்கொண்டால் தீரும் என்னும் நம்பிக்கை ஒன்றே. இதனால் ஒரு சமயத்தை மட்டும் பழிப்பது பேதைமை. கோயில் வாயிலிலும், பேயோட்டுவோன் திண்ணையிலும், மந்திரிப்போன் முற்றத்திலும் இதே துயரைக் காணலாம். மருத்துவம் செல்லாத இடத்தில் மயக்கம் குடியேறும். வேண்டுதலோடு மருந்தும் தரும் திட்டத்தைப் பின்னாளில் அரசே ஏர்வாடியில் தொடங்கிற்று. அதனை முன்னரே தொடங்கியிருந்தால் எத்தனை உயிர் எஞ்சியிருக்கும்!

உளநோயரை அடைத்துவைக்கும் வழக்கம் வெள்ளையராட்சியில் சட்டவுருப் பெற்றது. சென்னையில் அவர்க்கென ஓர் இல்லம் 1794-இல் கிழக்கிந்தியக் குழும்பின் மருத்துவர் வேலண்டைன் கொனோலியால் தொடங்கப்பட்டது. கீழ்ப்பாக்கத்து மருத்துவமனை 1871-இல் எழுந்தது. நோயைத் தீர்ப்பதினும் நோயரை ஊர்க்கண்ணினின்று மறைப்பதே அன்றைய நோக்கம். 1912-ஆம் ஆண்டுச் சட்டமும் அந்நோக்கினதே. விடுதலை பெற்று நாற்பதாண்டு கழிந்த பின்னரே, 1987-இல், அதற்கு மாற்றாக வேறொரு சட்டம் வந்தது. அது நடைமுறைக்கு வர மேலும் ஆறாண்டு பிடித்தது.

எனினும் நல்லோர் சிலர் மதிலுக்குள்ளேயே வாயில் திறந்தனர். இந்திய நாட்டின் முதற் பெண் உளமருத்துவர் எனப் பெயர் பெற்ற சாரதா மேனன், 1961 முதல் 1978 வரை கீழ்ப்பாக்கம் மருத்துவமனையின் தலைமைப் பொறுப்பிலிருந்தார். 1984-இல் மனச்சிதைவு நோயர்க்கென ஆய்வு நிறுவனம் ஒன்றைச் சென்னையில் தோற்றுவித்தார். 1993-இல் அங்கேயே தொடங்கப்பட்ட 'பேன்யன்' அமைப்பு, வீடற்றுத் தெருவில் அலைந்த உளநோய்ப் பெண்டிரை மீட்டுப் பேணியது. நெடுநாள் மருத்துவமனையிலேயே தங்கிவிட்டவர்களைச் சிலர் சிலராகக் குடிக்கூலி வீடுகளில் குடியமர்த்தி, அண்டை அயலாரோடு வாழவும் வைத்தது. மதிலுக்குள்தான் வாழ இயலும் என்று முடிவு கட்டப்பட்டோர் சந்தைக்குச் சென்று காய்கறி வாங்கிச் சமைத்துண்டு வாழ்வதைக் கண்ட பின்னும், அடைத்து வைப்பதே வழி என்பார்க்கு என்ன விடை உண்டு?

இன்று நடப்பிலிருப்பது 2017-ஆம் ஆண்டில் நாடாளுமன்றம் இயற்றி, 2018-இல் நடைமுறைக்கு வந்த உளநல மருத்துவச் சட்டம். உளநோயரைக் காவற்பொருளாகக் கருதாமல் உரிமையுடைய மாந்தராகக் கருதும் சட்டம் இது. ஆதலின் இதன் கூறுகளைத் தமிழர் ஒவ்வொருவரும் அறிந்திருத்தல் வேண்டும்.

அரசு நடத்தும் அல்லது அரசு பணந்தரும் நிலையங்களில் உளநல மருத்துவம் பெறுவது ஒவ்வொருவர்க்கும் உரிமை. வறுமைக்கோட்டின் கீழுள்ளார்க்கும் வீடற்றோர்க்கும் அது கட்டணமின்றிக் கிடைத்தல் வேண்டும். எவ்வடிவிலும் தளையிடுதல் தடுக்கப்பட்டுள்ளது. மயக்க மருந்தும் தசை தளர்த்தும் மருந்தும் தராமல் மின்னதிர்வுப் பண்டுவம் செய்தலாகாது. உளநோயைக் கரணியமாகக் காட்டிக் கருத்தடை செய்தலும் ஆகாது. தனக்கு எத்தகைய பண்டுவம் வேண்டும், எது வேண்டா என்பதைத் தெளிவான நாளிலேயே எழுதிவைக்கவும், தனக்காகப் பேச ஒருவரை அமர்த்திக்கொள்ளவும் உரிமையுண்டு. வீடில்லை, உறவினர் ஏற்கவில்லை என்பதற்காக மட்டும் எவரையும் மருத்துவமனையிலேயே வைத்திருத்தல் கூடாது. உடல்நோய்க்குக் காப்பீடு தரும் நிறுவனம் உளநோய்க்கும் தருதல் வேண்டும். தற்கொலைக்கு முயன்றவரைத் தண்டிப்பதன்று, அவர் கடும் உளநெருக்கடியில் இருந்தவர் எனக் கொண்டு மருத்துவமும் மறுவாழ்வும் தருவதே அரசின் கடமை. இவற்றை மீறுவோர்க்குத் தண்டமும் சிறையும் உண்டு. குறையுடையார் முறையிட மாவட்டங்களுக்கான சீராய்வு வாரியங்களும் உண்டு.

இவற்றுள் தமிழர் சிறப்பாக உளங்கொள்ளத் தக்கது ஒன்றுண்டு. நோய் இன்னது, பண்டுவம் இன்னது, அதன் பக்கவிளைவு இன்னது என்பதை நோயர்க்கு விளங்கும் மொழியில் எடுத்துரைக்க வேண்டுமென்று அச்சட்டம் விதிக்கிறது. ஆங்கிலத்தில் அச்சிட்ட தாளை நீட்டி, "இங்கே கையொப்பமிடுக" என்றால் அஃது இசைவாகுமா? தமிழ் மட்டுமே அறிந்த ஓர் உழவர், தம் மகனுக்கு மின்னதிர்வு தரப்போகின்றனர் என்பதையே அறியாமல் கைந்நாட்டு வைப்பாராயின், அங்கே உரிமை எழுத்தளவில் நின்றுபோகிறது. உளநோயைச் சொல்லித்தான் அறிவிக்க இயலும். சொல்லக் கேட்டுத்தான் மருத்துவர் அறிய இயலும். நோயரின் தாய்மொழி அங்கே மருந்துக்கு ஒப்பானது. தமிழ்நாட்டின் ஒவ்வோர் உளமருத்துவப் பிரிவிலும் இசைவுத் தாள், மருந்துக் குறிப்பு, உரிமை அறிவிப்புப் பலகை யாவும் தமிழில் இருக்கக் கேட்பது மொழிப்பற்று மட்டுமன்று. சட்டம் தந்த உரிமையைக் கேட்பதுமாகும்.

இனி, உரிமை ஏட்டில் இருந்தால் போதுமா? 'மருந்து' என்னும் அதிகாரத்தில் திருவள்ளுவர் மருத்துவத்தை நான்கு உறுப்பினதாகப் பகுத்தார்: நோயுற்றவன், மருத்துவன், மருந்து, அருகிருந்து பேணுவோன். நோயுற்றவனை முதற்கண் வைத்த அப் பகுப்பை அளவுகோலாகக் கொண்டு இன்றைய நிலையை அளந்து பார்க்கலாம்.

நோயுற்றோர் எத்துணையர்? பெங்களூரு தேசிய உளநல நிறுவனம் 2015-16-இல் தமிழ்நாடு உள்ளிட்ட பன்னிரு மாநிலங்களில் நடத்திய கணக்கெடுப்பின்படி, வளர்ந்தோருள் நூற்றுக்கு 10.6 பேர் ஏதேனும் ஓர் உளநோயால் துன்புறுவோர். நோய்வகைக்கேற்ப அவருள் நூற்றுக்கு 70 முதல் 92 பேர் வரை பண்டுவமே பெறாதவர்.

மருத்துவர் எத்துணையர்? ஓரிலக்கம் மக்களுக்கு மூவர் வேண்டும்; இருப்பது 0.75 என 2023-இல் நாடாளுமன்ற நிலைக்குழு எடுத்துரைத்தது. அவருள்ளும் பெரும்பாலோர் நகரங்களில் இருப்பவர். உளவியலர், உளநோய்ச் செவிலியர், குமுகப் பணியாளர் ஆகியோரின் பற்றாக்குறையும் சிறிதன்று.

மருந்தோ, உளநோய்க்கு நாள்தவறாது வேண்டுவது. ஒரு திங்கள் மருந்து தடைப்பட்டால் ஓராண்டு முன்னேற்றம் பாழாகலாம். மாவட்டத் தலைமருத்துவமனையில் மட்டும் மருந்திருந்தால், ஊர்ப்புறத்துக் கூலியாள் ஒருநாட் கூலியையும் பேருந்துக் கட்டணத்தையும் இழந்து எத்தனை முறை வருவார்? 1982-இல் நாடளாவிய உளநலத் திட்டம் தொடங்கியதும், 1996-இல் மாவட்ட உளநலத் திட்டம் தொடங்கியதும், தமிழ்நாட்டில் அது முதலில் திருச்சியில் கால்கொண்டதும் இவ் விடர்ப்பாட்டை நீக்கவே. அத்திட்டம் தொடக்க நலவாழ்வு நிலையம் வரை தட்டின்றிச் சென்று சேர்ந்தால்தான் பயன் முழுமையுறும்.

பேணுவோன் நிலை யாவற்றினும் இரங்கத்தக்கது. ஒரு தாய் தன் முதுமையில், நோயுற்ற மகனைத் தனியே காத்து, "நான் கண்மூடினால் இவனுக்கு யார்?" என்று ஏங்குகிறாள். அவ்வினாவுக்கு விடையாகவே சட்டம் இடைநிலை இல்லங்களையும், துணையோடு வாழும் குடியிருப்புகளையும், வீட்டுக்கே வந்து பார்க்கும் பணியாளரையும் அரசு தரவேண்டுமெனச் சொல்கிறது. சொன்னதெல்லாம் எழுந்துவிட்டனவா?

இந்நான்கும் நலிந்திருப்பதற்குக் கரணியம் ஒன்றே: பணம் ஒதுக்கப்படவில்லை. 2024-25-ஆம் ஆண்டு ஒன்றிய அரசின் வரவு செலவுத் திட்டத்தில் நலவாழ்வுத் துறைக்கு 90,000 கோடி உருபாவுக்கு மேல் ஒதுக்கினர். அதில் உளநலத்துக்கென்று பெயர் குறித்துத் தந்தது ஏறத்தாழ 1,000 கோடி, நூற்றில் ஒன்று. அவ்வொன்றிலும் ஏறத்தாழ 850 கோடி பெங்களூரு நிறுவனம் ஒன்றற்கே சென்றது. அந்நிறுவனம் சிறந்ததே; அதற்குத் தருவதும் தக்கதே. ஆயினும் ஊர்ப்புற நோயர்க்கு என்ன மிஞ்சியது? மாவட்டத் திட்டத்துக்கான பணம் நாட்டு நலவாழ்வு இயக்கத்தின் பொதுப் பையினின்று பிற நோய்களோடு பங்கிட்டுக்கொள்ள வேண்டிய நிலையில் உள்ளது. உலக அரசுகள் நலவாழ்வுப் பணத்தில் நூற்றுக்கு இரண்டளவே உளநலத்துக்குத் தருகின்றன என உலக நலவாழ்வு நிறுவனம் குறைகூறி வருகிறது. அக்குறைந்த அளவிலும் பாதியே இங்குத் தரப்படுகிறது.

"வறிய நாட்டுக்கு இது மிகைச்செலவு" என்பார் உளர். உழைக்கும் அகவையில் ஒருவன் நோயால் முடங்கினால் அவன் ஈட்டமும் அவனைக் காப்போன் ஈட்டமும் ஒருங்கே நின்றுபோகின்றன. பண்டுவச் செலவு கணக்கேட்டில் தெரிகிறது. பண்டுவமின்மையால் வரும் இழப்பு குடிசைக்குள் மறைந்து கிடக்கிறது. மறைந்திருப்பதால் அஃது இல்லையென்று ஆகிவிடாது.

ஆகவே வலியுறுத்த வேண்டுவன இவை. மாநில, ஒன்றிய வரவு செலவுத் திட்டங்களில் உளநலத்துக்குத் தனித்தலைப்பில் ஒதுக்கீடு செய்து, முதற்படியாக அதனை நலவாழ்வுச் செலவில் நூற்றுக்கு இரண்டுக்குக் குறையாமல் உயர்த்துக. ஒதுக்கியதை முற்றும் செலவிட்டு ஆண்டுதோறும் மாவட்டவாரியாகக் கணக்கு வெளியிடுக. தொடக்க நலவாழ்வு நிலையந்தோறும் உளநோய் மருந்து தட்டின்றி இருக்கச் செய்க. இடைநிலை இல்லங்களை ஒவ்வொரு மாவட்டத்திலும் எழுப்புக. சீராய்வு வாரியம் இருப்பதையும் அதனிடம் முறையிடும் வழியையும் ஊராட்சி அலுவலகப் பலகைவரை தமிழில் எழுதிவைக்க. உளநல வல்லுநர் தொகையை உலக அளவுக்கு உயர்த்தப் பத்தாண்டுக்குள் முயல வேண்டுமெனச் சட்டமே குறித்துள்ளது. அப்பத்தாண்டு 2028-இல் நிறைவுறும். கெடு நெருங்குவதை ஆள்வோர்க்கு நினைவூட்டுவது மக்கள் கடன்.

உளநலம் உயிர்வாழும் உரிமையின் பிரிக்கவியலாக் கூறு என உச்ச நயன்மன்றம் 2025-இல் தெளிவாக்கிவிட்டது. இனி இதனை எவரும் அருட்கொடை என்று கூற இயலாது. மக்களுக்கும் பங்குண்டு. வசைச்சொல்லை நாவினின்று நீக்குக. நோயை மறைக்காது தொடக்கத்திலேயே மருத்துவரிடம் சேர்க்க. 2022 முதல் இயங்கும் 14416 என்னும் கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணை அண்டை அயலார்க்கும் சொல்லுக. அதில் தமிழிலேயே பேசலாம். எங்கேனும் ஓர் உயிர் தளையில் கிடப்பதைக் கண்டால், அது பிறர் வீட்டுப் பாடு என்று ஒதுங்காமல் முறையிடுக. வாக்குக் கேட்டு வருவாரிடம் சாலையும் குடிநீரும் கேட்பது போல், உள்ளம் நொந்தார்க்கு மருத்துவமும் கேட்க. கேளாத குடிக்கு எந்தக் கருவூலமும் திறந்ததில்லை.