உரசுவது டயர், வெட்டுவது வண்டியையா?

என் பழைய மாணவர்களுக்கும் உறவுக்காரர்களுக்கும். கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமை இருக்கிறவர்கள் படியுங்கள். கார் வைத்திருக்கிறவர்கள் பொறுமை இல்லாவிட்டாலும் படியுங்கள்.

இந்த வருஷத்தில் மட்டும் மூன்று பேர் போன் பண்ணி ஒரே கேள்வியைக் கேட்டார்கள். "சார், அப்பாவோட பழைய காருக்குப் பெரிய அலாய் வீல் போட்டேன். ஸ்டியரிங்கை முழுசா ஒடிச்சா டயர் உரசுது. ஃபெண்டரை லைட்டா தட்டிட்டா சரியாயிடும்னு கடையில சொல்றாங்க. தட்டலாமா?" இரண்டு பேர் என்னிடம் இயற்பியல் படித்தவர்கள். மூன்றாவது, எங்கள் வீட்டுப் பிள்ளை. மூவருக்கும் ஒரே பதில்: தட்டக் கூடாது. வெட்டவும் கூடாது. பொருந்தாத டயரைக் கழற்றுங்கள்.

"சார் பழைய காலத்து ஆள், அழகு தெரியாது" என்று சொல்வீர்கள். சொல்லுங்கள். ஆனால் கணக்கைப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

சான்ட்ரோ ஜிங்கை எடுத்துக்கொள்வோம். நம் இருங்காட்டுக்கோட்டையில் செய்த வண்டி, மயிலாப்பூர் சந்துகளில் இன்னும் நிறைய ஓடுகிறது. அதன் டயர் 155/70 ஆர்13. 155 என்பது மில்லிமீட்டரில் அகலம். பக்கச் சுவரின் உயரம் அதில் 70 சதவீதம். 13 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். பெருக்கிக் கூட்டினால் சக்கரத்தின் மொத்த விட்டம் 547 மி.மீ. இதற்குப் பதிலாகக் கடைக்காரர் 14 அங்குல ரிம்மும் 175/65 டயரும் மாட்டிவிடுகிறார். விட்டம் 583 மி.மீ. "ஒரு இன்ச்தான் சார் பெரிசு" என்கிறார். ரிம்தான் ஒரு அங்குலம் பெரிது. சக்கரம் 36 மி.மீ. உயர்ந்துவிட்டது, அகலம் 20 மி.மீ. கூடிவிட்டது. இதற்கான இடத்தை வண்டியைச் செய்தவன் விடவே இல்லை. உரசாமல் என்ன செய்யும்?

கதை இத்துடன் முடிவதில்லை. ரிம்மின் பின்பக்கம் 'ஈடி' என்று ஒரு எண் அச்சிட்டிருக்கும். ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து அது ஹப்பில் பொருந்தும் முகம் எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதுதான் அந்த எண். பழைய ரிம்மில் 45, புதியதில் 35 என்றால் சக்கரம் முழுவதுமே 10 மி.மீ. வெளியே தள்ளி நிற்கும். அகலக் கூடுதலில் பாதி இன்னொரு 10. ஆக வெளி விளிம்பு 20 மி.மீ. ஃபெண்டர் பக்கம் வந்துவிடும். அலாய் வாங்கப் போன மூன்று பேரிடமும் இந்த எண்ணைக் கேட்டீர்களா என்றேன். ஒருவரும் கேட்கவில்லை. டிசைனை மட்டும் அரை மணி நேரம் பார்த்திருக்கிறார்கள்.

உரசினால் என்ன, கொஞ்சம் சத்தம்தானே என்பவர்களுக்கு: ரேடியல் டயரில் தரையைத் தொடும் பகுதிக்கு அடியில் எஃகுப் பட்டைகள் உண்டு. பக்கச் சுவரில் மெல்லிய ரப்பரும் அதற்குள் நூலிழைகளும்தான். தாங்குவது அந்த இழைகள். உட்புறமாக ஸ்ட்ரட்டில் உரசினால் சக்கரத்தைக் கழற்றாமல் கண்ணுக்கே தெரியாது. நான் சொன்ன வீட்டுப் பிள்ளையின் வண்டியில் அதுதான் நடந்தது. வெளியே பளபளவென்று புது அலாய். கழற்றிப் பார்த்தால் உள்பக்கம் வட்டமாக ரப்பர் தேய்ந்து இழை தெரிகிறது. அந்த வண்டியில்தான் வாராவாரம் எண்பது வயதுப் பாட்டியையும் யுகேஜி படிக்கும் குழந்தையையும் அடையாறுக்குக் கூட்டிக்கொண்டு போய் வருகிறார்கள். பக்கச் சுவர் கிழிந்தால் பஞ்சர் ஒட்ட முடியாது. கிழிவதும் வீட்டு வாசலில் நிற்கும்போது நடக்காது, பாரத்தோடு ஓடும்போதுதான் நடக்கும்.

இனி அந்த 'லைட்டா தட்டுற' வைத்தியத்துக்கு வருகிறேன். எனக்குக் கோபம் இதில்தான். ஃபெண்டரின் உள்மடிப்பைச் சுத்தியலால் மடக்கினால் பெயின்ட் வெடிக்கும். மயிலாப்பூரிலும் பெசன்ட் நகரிலும் கடல் காற்று எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு மழைக்காலம் போனால் அந்த மடிப்பு பிஸ்கட் மாதிரி உதிரும். பிளாஸ்டிக் லைனிங்கை வெட்டுகிறார்கள். அது எதற்கு இருக்கிறது? லஸ் முனையில் தண்ணீர் தேங்கும் நாளில், சக்கரம் வாரி அடிக்கிற சேற்றுத் தண்ணீர் ஒயரிங்கில் படாமல் தடுக்கத்தான். வெட்டிய பிறகு நவம்பரில் ஹெட்லைட் எரியவில்லை என்று இன்னொரு கடைக்கு ஓடுவார்கள். வண்டியைத் தூக்குகிறேன் என்று ஸ்பிரிங்குக்கு நடுவே ரப்பர் கட்டையைச் செருகுவது மூன்றாவது வைத்தியம். ஸ்பிரிங் சுருங்குவதற்காக இருக்கிறது. சுருங்க விடாமல் கட்டையைச் செருகினால் ஒவ்வொரு வேகத்தடையின் அடியும் நேராகப் பாடிக்கும் நம் முதுகெலும்புக்கும் போகும்.

ரிம் விற்ற காசு, தட்டின காசு, அலைன்மென்ட் காசு என்று ஒரே தவறுக்கு மூன்று பில். அளவு பொருந்தாது என்று முதலிலேயே சொல்லியிருந்தால் இதில் ஒன்றுகூட வந்திருக்காது. நேர்மையாகச் சொல்லித் திருப்பி அனுப்புகிற கடைக்காரர்களும் இருக்கிறார்கள், இல்லை என்று சொல்லவில்லை. அவர்களிடம் கூட்டம் இருக்காது.

"சென்னை ரோட்டுக்கு உயரம் வேணும் சார்" என்ற வாதத்தையும் கேட்டேன். விட்டம் 36 கூடினால் வண்டி உயர்வது அதில் பாதி, 18 மி.மீ. ஒரு விரல் கனம். இதற்கு என்ன விலை கொடுக்கிறீர்கள்? வகுப்பில் திருப்புவிசை நடத்தினேனே, ஞாபகம் இருக்கிறதா? ஆரம் கூடினால் அதே திருப்புவிசைக்குத் தரையில் கிடைக்கும் விசை குறையும். அதே இன்ஜின், இழுவை 6 சதவீதம் குறைவு. அதே பிரேக், அதே மிதி, நிறுத்தும் விசையும் 6 சதவீதம் குறைவு. ஸ்பீடாமீட்டர் 60 காட்டும்போது வண்டி 64-இல் போகும். பழைய இன்ஜின், பழைய பிரேக் உள்ள வண்டிக்கு இது தேவையா?

இன்னும் சிலர் 15, 16 அங்குலத்துக்குப் போய், உரசக் கூடாதென்று பக்கச் சுவர் ஒல்லியான டயரைப் போடுகிறார்கள். டன்லப் என்ற கால்நடை மருத்துவர் காற்றடைத்த டயரைச் செய்தது, தன் பையனின் மூன்று சக்கர வண்டி குலுங்காமல் ஓடத்தான். அந்தக் காற்றுதான் மெத்தை. காசு கொடுத்து அந்த மெத்தையைக் குறைத்துக்கொண்டு, மெட்ரோ வேலை நடக்கும் சாலையில் பள்ளத்தில் இறக்கி, ரிம் நெளிந்துவிட்டது என்று வருத்தப்படுகிறோம்.

ஸ்டெப்னியை யாராவது யோசித்தீர்களா? டிக்கியில் இருப்பது பழைய 13 அங்குலம். ராத்திரி பஞ்சர் ஆனால் முன்பக்கம் ஒன்று 583, இன்னொன்று 547. நேரான சாலையிலேயே வண்டி ஒரு பக்கம் இழுக்கும், டிஃபரன்ஷியல் ஓயாமல் சுற்றும்.

சட்டத்தைப் பற்றிச் சுருக்கமாக. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவை வைத்து, உற்பத்தியாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் சொன்னது. அதே ஆண்டுத் திருத்தத்தில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்க வழி செய்தார்கள். சக்கரத்துக்கு இது எவ்வளவு தூரம் பொருந்தும் என்று நீங்கள் வாதாடலாம். ஆனால் விபத்துக்குப் பிறகு இன்சூரன்ஸ் சர்வேயர் முன்னால் நின்று வாதாட வேண்டியிருக்கும்.

ரேஸ் ஓட்டுகிறவர்கள் மாற்றுவதில்லையா என்று ஒரு மாணவன் கேட்டான். மாற்றுகிறார்கள். இருங்காட்டுக்கோட்டை டிராக்கில், அளந்து, சோதித்து, ஹெல்மெட் போட்டுக்கொண்டு. பின்சீட்டில் பாட்டி இல்லை.

சரி, ஏற்கெனவே மாட்டியாகிவிட்டது, உரசுகிறது. என்ன செய்வது? முதலில் எங்கே உரசுகிறது என்று கண்டுபிடியுங்கள். சாக்பீஸ் போதும். டயரின் தோளிலும் பக்கச் சுவரிலும் பூசி, பின்சீட்டில் மூன்று பேரை உட்காரவைத்து, ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் கடைசி வரை ஒடித்து, முன்னும் பின்னும் நகர்த்திப் பாருங்கள். அடுக்குமாடி பார்க்கிங்கின் வளைவுப் பாதை ஒன்று போதும், எல்லாம் தெரிந்துவிடும். பிறகு சக்கரத்தைக் கழற்றி, சாக்பீஸ் எங்கே ஒட்டியிருக்கிறது என்று உள்ளே பாருங்கள்.

பழைய வண்டியில் குற்றம் முழுக்க டயருடையதாக இருக்காது. லைனிங்கின் கிளிப் உடைந்து தொங்கலாம், மலிவான வேலை. லோயர் ஆர்ம் புஷ் தேய்ந்து சக்கரம் பின்னால் தள்ளியிருக்கலாம். ஸ்பிரிங் தளர்ந்து ஒரு பக்கம் இறங்கியிருக்கலாம். ஹப் நடுவிலிருந்து ஃபெண்டர் விளிம்பு வரை இரண்டு பக்கமும் டேப் வைத்து அளந்தால் தெரியும். இவற்றைச் சரிசெய்யுங்கள். அது வண்டிக்குச் செய்கிற உபகாரம், பெரிய வீல் போடாவிட்டாலும் செய்ய வேண்டியது.

அதற்குப் பிறகும் உரசினால் டயர் அளவைக் குறையுங்கள். 14 அங்குல அலாயை விட மனமில்லையா, ஈடி எண் சரியாக இருந்தால் வைத்துக்கொள்ளுங்கள். 155/65 ஆர்14 போட்டால் விட்டம் 557. பழையதைவிட 10 மி.மீ.தான் கூடுதல், அகலம் அதே 155. வேகன் ஆருக்கு வந்த அளவு. டயரில் உள்ள சுமை எண் பழைய டயரைவிடக் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நாலு டயர் காசு வலிக்கும், தெரியும். 175-ஐ வாங்கினவர்கள் அதிகம் ஓடாமல் இருந்தால் கடையில் மாற்றிக் கேளுங்கள், விட்டுக்கொடுக்காமல் கேளுங்கள்.

எந்த வண்டி, பழைய டயர் எண் என்ன, புதிய டயர் எண் என்ன என்று கீழே எழுதுங்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் உட்கார்ந்து ஒவ்வொருவருக்கும் கணக்குப் போட்டுச் சொல்கிறேன். பில்லில் இருக்கும் எண் வேண்டாம். கீழே இறங்கிப் போய், டயரில் உள்ள எண்ணைப் பார்த்து எழுதுங்கள்.