உடல் முடியாமல் போனால் அவர்களுக்கு ஓய்வூதியம், நமக்கு?

அரசாங்க உத்தியோகத்தில் இருப்பவர் ஒருவர் நோயாலோ விபத்தாலோ இனி வேலை செய்ய முடியாத நிலைக்கு வந்தால், அவரை மருத்துவச் சபையின் முன் அனுப்புகிறார்கள். சபை "இவரால் முடியாது" என்று எழுதினால், வயது வராவிட்டாலும் அவர் ஓய்வு பெறலாம். ஓய்வூதியத்துக்கு உரிய பதவியில் 10 ஆண்டு சேவை இருந்தால் மாதாமாதம் ஓய்வூதியம் வருகிறது. அவர் இறந்த பின், விதவைகள் அநாதைகள் ஓய்வூதியத் திட்டத்தின் கீழ் குடும்பத்துக்கும் ஒரு தொகை வருகிறது.

இதைக் குறை சொல்ல நாம் எழுதவில்லை. நம் பிள்ளைகளும் இன்று ஆசிரியராக, தபால் ஊழியராக, கிராம அலுவலராக இருக்கிறார்கள். அவர்களுக்கு அந்தப் பாதுகாப்பு இருப்பது நமக்குப் பெருமையே. நாம் கேட்பது ஒன்றுதான்: அந்தப் பிள்ளையைக் கொழுந்து கூடை சுமந்து படிக்க வைத்த தாய்க்கு இடுப்பு ஒடிந்தால் என்ன இருக்கிறது?

தோட்டத்தில் மருத்துவச் சபை கிடையாது. முதலில் "அரைப் பேர்" போடுவார்கள். பிறகு இலகு வேலை கேட்டால் இல்லை என்பார்கள். வேலைக்குப் போகாத நாட்கள் கூடினால் செக்ரோலிலிருந்து பெயர் போய்விடும். அதோடு லயத்துக் காம்பிராவைப் பற்றிய பேச்சும் தொடங்கிவிடும். குளவி கொட்டியவர், மலையில் வழுக்கி விழுந்து முதுகெலும்பு அடிபட்டவர், ஆலை யந்திரத்தில் கையைக் கொடுத்தவர் என எல்லாருக்கும் இதே பாதைதான்.

"உங்களுக்குத்தான் சேமலாப நிதி இருக்கிறதே" என்று சிலர் சொல்வார்கள். 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தின்படி அதில் தொழிலாளி 8 வீதமும் தொழில்கொள்வோர் 12 வீதமும் செலுத்துகிறார்கள். அது நம் சொந்தச் சேமிப்பு. ஒரே தடவையில் கையில் வந்து, ஒரே நோயில் கரைந்துவிடும் காசு. அரச ஊழியரின் ஓய்வூதியமோ அவர் உயிரோடு இருக்கும்வரை வரும். இரண்டையும் ஒரே தட்டில் வைப்பது நியாயமில்லை.

1972, 1975 காணிச் சீர்திருத்தங்களால் தோட்டங்கள் அரசுடைமையாகின. 1992இல் முகாமைத்துவம் கம்பனிகளின் கைக்குப் போனது. இடைப்பட்ட காலத்தில் நம் பெற்றோர் அரசாங்கத்தின் தோட்டத்திலேயே உழைத்தார்கள். அப்போதும் அவர்களுக்கு ஓய்வூதியம் கிடைக்கவில்லை. முதலாளி அரசானாலும் கம்பனியானாலும் செக்ரோலில் பெயர் உள்ளவர் நாட்கூலியாகவே கணிக்கப்பட்டார்.

ஓய்வூதியம் வரும்வரை, சட்டத்தில் ஏற்கனவே உள்ளதையாவது விடாமல் பெற வேண்டும். பலர் அதையும் இழக்கிறார்கள்.

முதலாவது, சேமலாப நிதி. சாதாரணமாக ஆண்களுக்கு 55, பெண்களுக்கு 50 வயது வர வேண்டும். ஆனால் நிரந்தரமாக வேலை செய்ய இயலாதவர் என்று வைத்தியர் சான்று தந்தால் அந்த வயதுவரை காத்திருக்கத் தேவையில்லை. தொழில் அலுவலகத்தில் கே படிவத்தைக் கொடுக்கலாம்.

இரண்டாவது, ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதி. இதற்குத் தொழில்கொள்வோர் 3 வீதம் செலுத்துகிறார். நிரந்தர இயலாமைக்கான காப்புறுதி உதவியும் இதில் உண்டு. சேமிப்பு மீதியோடு நின்றுவிடாமல் அதையும் கேளுங்கள்.

மூன்றாவது, 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வரும் பணிக்கொடை, அதாவது சேவைகாலப் பணம். 5 ஆண்டு சேவை முடிந்திருந்தால், ஒவ்வொரு ஆண்டுக்கும் 14 நாள் சம்பளம். நாட்சம்பளம் 1,350 ரூபா என்று வைத்துக்கொண்டால், 20 ஆண்டுக்கு 378,000 ரூபா. வேலை முடிந்து 30 நாளுக்குள் அதைக் கொடுக்க வேண்டும். மாதக்கணக்கில் இழுத்தடிக்கப்பட்டால் சங்கத்துக்கு அறிவியுங்கள்.

நான்காவது, வேலையாட்கள் நட்டஈட்டுச் சட்டம். இது 1934இலிருந்தே இருக்கிறது. வேலையால், வேலை நேரத்தில் ஏற்பட்ட காயத்துக்குத் தொழில்கொள்வோரே நட்டஈடு தர வேண்டும். இங்கே நாம் தோற்பது பெரும்பாலும் எழுத்தில்தான். விபத்து நடந்த அன்றே தோட்ட அலுவலகத்தில் பதியச் செய்யுங்கள். மருந்துக்குப் போகும்போது எங்கே, எந்த வேலையில் அடிபட்டது என்று சொல்லி எழுதுவியுங்கள். ஆஸ்பத்திரித் துண்டு, சம்பளச் சிட்டை எதையும் தூக்கிப் போடாதீர்கள். விளங்காத கடிதத்தில் கையெழுத்தோ பெருவிரல் அடையாளமோ வைக்க வேண்டாம். தோட்டத் தலைவரையோ மாவட்டக் காரியாலயத்தையோ கேட்ட பின் வையுங்கள்.

ஆனால் இவை எல்லாம் ஒரு தடவைக் காசுதான். ஆகவே நம் கோரிக்கை மூன்று. வேலை செய்ய இயலாமல் போன தோட்டத் தொழிலாளிக்கு மாதாந்த இயலாமைக் கொடுப்பனவு வேண்டும். அதற்கு அரசும் கம்பனிகளும் பங்கு செலுத்த வேண்டும். இயலாமையைத் தீர்மானிப்பது துரை அல்ல, அரச வைத்தியசாலையின் மருத்துவச் சபையாக இருக்க வேண்டும். அந்தத் தீர்ப்பு வரும்வரை செக்ரோலில் பெயரும் குடியிருக்கும் வீடும் தொடப்படக் கூடாது.

கம்பனிகள் "தாங்காது" என்று சொல்லும். ஒவ்வொரு சம்பளப் பேச்சிலும் கேட்ட பேச்சுதான் அது. யந்திரம் பழுதானால் திருத்தச் செலவைக் கணக்கில் போடத் தெரிந்தவர்களுக்கு, அதை ஓட்டிய மனிதனின் செலவையும் போடத் தெரிய வேண்டும். அடுத்த தோட்டக் கமிட்டிக் கூட்டத்தில் உங்கள் தோட்டத்தில் இயலாமல் வீட்டில் இருப்பவர்களின் பெயர்களை எழுதித் தாருங்கள். அந்தப் பட்டியலோடுதான் நாம் பேச்சுவார்த்தை மேசைக்குப் போக வேண்டும்.