குழந்தைக்கு எத்தனை கைகள் வேண்டும்?

பொட்டிப்புரம் என்ற பெயரை வெளியுலகம் நியூட்ரினோ ஆய்வகத் திட்டத்தின் வாயிலாகவே அறியும். 2015 ஆம் ஆண்டு சனவரியில் மத்திய அமைச்சரவை அத்திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. மலையைக் குடைவது குறித்து அறிவியலாளரும் ஊராரும் நெடுநாள் வாதிட்டனர். ஆனால் அவ்வூரிலிருந்தும், தேவாரம், கோம்பை, பண்ணைப்புரம் முதலிய ஊர்களிலிருந்தும் எங்கள் குழந்தைகள் நலப் பிரிவுக்கு வருகிறவர்கள் கொண்டுவரும் கேள்விகள் வேறு. "பிள்ளை சாப்பிடவே மாட்டேன் என்கிறான்." "கைப்பேசியைக் காட்டினால்தான் வாய் திறக்கிறாள்." "இரவெல்லாம் அழுகை." "சொன்ன பேச்சைக் கேட்பதில்லை." கேள்வி எதுவாயினும், உடன் வந்தவர்களின் பார்வை தாயின் பக்கமே திரும்புகிறது. அவளும் குற்றம் செய்தவளைப் போலத் தலை குனிந்து நிற்கிறாள்.

இக்கேள்விகளுக்கு மருத்துவ விடைகள் உண்டு. அவற்றைப் பின்னர் கூறுகிறோம். அதற்கு முன் எங்கள் கருத்தைச் சொல்லிவிட விரும்புகிறோம். இக்குறைகளுள் பெரும்பாலானவை நோயும் அல்ல, தாயின் அன்புக் குறைவும் அல்ல; வீட்டில் கைகள் போதாமையே அவற்றின் காரணம். ஆகவே தீர்வையும் தாய் ஒருத்தியிடமே எதிர்பார்ப்பது முறையன்று.

இப்பள்ளத்தாக்கின் ஒரு நாளை எண்ணிப் பாருங்கள். பொழுது விடியும் முன்பே ஜீப்புகள் ஆட்களை ஏற்றிக்கொண்டு போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி வழியாக இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களுக்குப் புறப்படுகின்றன. அவற்றில் செல்வோருள் பெண்கள் ஏராளம். மலைக்குப் போகாதவர்கள் திராட்சைப் பந்தலுக்கோ, தென்னந்தோப்புக்கோ, காய்கறித் தோட்டத்துக்கோ போகிறார்கள். வீட்டில் மிஞ்சுவது அப்பத்தாவும் அம்மாச்சியும் இரண்டு மூன்று பிள்ளைகளும். மூட்டு வலியும் சர்க்கரை நோயும் உடைய ஒரு முதியவள் சமைக்க வேண்டும், தண்ணீர் பிடிக்க வேண்டும், ஆட்டுக்குத் தழை போட வேண்டும். இடையே ஒன்றரை வயதுப் பிள்ளையின் பின்னால் ஓடவும் வேண்டும். தாய் மாலையில் திரும்பி வந்த பிறகும் அடுப்பு அவளுக்காகவே காத்திருக்கிறது.

இந்நிலையில் பிள்ளையின் கையில் கைப்பேசியைக் கொடுப்பவரைக் கண்டிப்பது எளிது. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் திரை கூடாது. இரண்டு முதல் நான்கு வயது வரை நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்துக்கு மிகலாகாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019 ஆம் ஆண்டு வழிகாட்டியது. இந்தியக் குழந்தை மருத்துவர் கழகம் இரண்டு வயது வரை அறவே வேண்டாம் என்கிறது. நாங்களும் அதையே சொல்கிறோம். ஆயினும், அந்த அரை மணி நேரத்தில் சோறு வடிக்க வேண்டிய அப்பத்தாவுக்கு வேறு வழி என்ன என்று சொல்லாத அறிவுரை பாதி அறிவுரையே. அவ்வேளையில் பிள்ளையைத் தூக்கிக்கொள்ள இன்னொரு கை இருக்குமானால் கைப்பேசி தானே விலகும்.

"அந்தக் காலத்தில் எட்டுப் பிள்ளைகளை வளர்த்தோம், இந்தக் காலத்துப் பெண்களுக்கு ஒன்றை வளர்க்க முடியவில்லையா?" என்று கேட்கும் பெரியவர்கள் உண்டு. அவர்களுடைய உழைப்பை மதித்தே இதைச் சொல்கிறோம். அக்காலத்தில் நாத்தனாரும் ஓரகத்தியும் சின்னம்மாவும் ஒரே முற்றத்தில் இருந்தனர். மூத்த பெண் பிள்ளை தன் படிப்பை நிறுத்திவிட்டு இடுப்பில் தம்பியைச் சுமந்தாள். பிறந்த பிள்ளைகள் எல்லாம் பிழைக்கவும் இல்லை. 1971 ஆம் ஆண்டில் இந்தியாவில் உயிருடன் பிறந்த ஆயிரம் குழந்தைகளுள் ஏறத்தாழ 129 குழந்தைகள் ஒரு வயது நிறைவதற்குள் இறந்தன. தமிழ்நாட்டில் 2020 ஆம் ஆண்டின் கணக்கு ஆயிரத்துக்கு 13. இந்த மாற்றத்தில் தடுப்பூசிக்கும் மருத்துவமனைப் பேற்றுக்கும் பங்குண்டு. கல்வி கற்ற தாய்மாருக்கும் பெரும்பங்குண்டு. இன்றைய தாயின் திறமை குறையவில்லை. அவளைச் சுற்றியிருந்த கைகளே குறைந்துவிட்டன.

இனி மருத்துவ விடைகளுக்கு வருவோம். இயல்பு எது என்று தெரிந்தாலே பாதிக் கவலை தீரும்.

முதலாவது, உணவு. மூன்று கிலோவில் பிறந்த குழந்தை ஐந்தாம் மாத அளவில் ஆறு கிலோவும், ஓராண்டில் ஒன்பது கிலோவும் அடைகிறது. அதன் பிறகு அந்த வேகம் இருப்பதில்லை. இரண்டாம் ஆண்டில் கூடுவது இரண்டு, இரண்டரை கிலோதான். பின்னர் ஆண்டுக்கு இரண்டு கிலோ அளவே. வளர்ச்சி மெதுவாகும்போது பசியும் குறைவது இயற்கை. முதல் ஆண்டின் அளவையே எதிர்பார்த்து வாயில் திணிக்கும்போது சாப்பாட்டு வேளை போர்க்களமாகிறது. எதை, எப்போது கொடுப்பது என்பதை நீங்கள் முடிவு செய்யுங்கள்; எவ்வளவு உண்பது என்பதைக் குழந்தையிடம் விடுங்கள். அரை மணி நேரத்துக்கு மேல் தட்டை ஏந்தி அலைய வேண்டாம். வேளைக்கு முன் பிஸ்கட்டும் பொட்டலத் தின்பண்டமும் கொடுத்தால் பசி செத்துவிடும். ஒரு வயதுக்கு மேல் நாளொன்றுக்கு அரை லிட்டருக்கு மிகுந்து பால் குடிக்கும் குழந்தை சோற்றை வெறுக்கும்; இரத்தச்சோகையும் வரக்கூடும். எடை அட்டையில் கோடு சரிந்தாலோ, குழந்தை வெளிறினாலோ, வாந்தியோ வயிற்றுப்போக்கோ தொடர்ந்தாலோ தயங்காமல் அழைத்து வாருங்கள்.

இரண்டாவது, அழுகை. கைக்குழந்தையின் அழுகை ஆறாவது வாரத்தை ஒட்டி உச்சமடைந்து, மூன்று நான்கு மாதங்களில் தணியும். பால் குடித்து, ஈரம் மாற்றி, காய்ச்சலும் இல்லாத குழந்தை அப்போதும் அழுமாயின் அது உங்கள் வளர்ப்பின் குறை அன்று. பொறுமை எல்லை மீறுவதாகத் தோன்றினால், குழந்தையைப் பாதுகாப்பான இடத்தில் மல்லாக்கப் படுக்க வைத்துவிட்டுச் சில நிமிடங்கள் விலகி நில்லுங்கள். எந்த நிலையிலும் குழந்தையைப் பிடித்து உலுக்கக் கூடாது. மூளைக்குள் இரத்தம் கசியும். பிள்ளை பெற்ற பெண் இரண்டு வாரங்களுக்கு மேல் மனம் சோர்ந்து, உறக்கமின்றி, எதிலும் நாட்டமின்றி இருந்தால் அதைச் சோம்பல் என்றும் திமிர் என்றும் பேசாதீர்கள். அது மருத்துவத்தால் குணமாகும் நோய். எங்களிடம் சொல்லலாம்; 14416 என்ற அரசின் மனநல உதவி எண்ணையும் எந்நேரமும் அழைக்கலாம்.

மூன்றாவது, பிடிவாதம். ஒன்றரை வயது முதல் நான்கு வயது வரை பிள்ளை தரையில் புரண்டு அழுவது வளர்ச்சியின் ஒரு படி. விருப்பம் பிறந்துவிட்டது, அதைச் சொல்லச் சொற்கள் இன்னும் வரவில்லை. அடித்தால் அழுகை நிற்கலாம், சொற்கள் வந்துவிடுவதில்லை. அருகில் அமைதியாக இருந்து, அழுகை ஓய்ந்த பின் "உனக்கு அது வேண்டும், இல்லையா?" என்று அதன் மனத்தைச் சொல்லாக்கித் தருவதே பயன் தரும்.

துன்பத்தை மட்டும் பேசினால் உண்மையில் பாதியையே சொன்னவராவோம். பிள்ளை வளர்ப்பின் இன்பத்தை நம் மொழி நன்கறியும். பிள்ளைத்தமிழ் என்னும் இலக்கிய வகையில் குழந்தையின் வளர்ச்சி பத்துப் பருவங்களாக வகுக்கப்பட்டுள்ளது. செங்கீரையில் தலை நிமிர்ந்து ஆடும் குழந்தை, சப்பாணியில் கை கொட்டுகிறது. வருகையில் தளர்நடை இடுகிறது. அம்புலியில் நிலவை விளையாட அழைக்கிறார்கள். நாங்கள் எங்கள் அறையில் பார்ப்பதும் ஏறத்தாழ இதையேதான். நிலாவைக் காட்டும்போது குழந்தை உங்கள் விரலைப் பார்க்கிறதா, விரல் காட்டும் திசையைப் பார்க்கிறதா, தானும் ஒன்றைச் சுட்டிக்காட்டி உங்கள் முகத்தைத் திரும்பிப் பார்க்கிறதா என்பது மூளை வளர்ச்சியின் முதன்மையான அடையாளங்களுள் ஒன்று. ஒன்றரை வயதாகியும் எதையும் சுட்டிக்காட்டாத குழந்தையை எங்களிடம் காட்ட வேண்டும். வானத்து நிலவைக் காட்டிச் சோறூட்டுவதற்கும் கைப்பேசியைக் காட்டிச் சோறூட்டுவதற்கும் உள்ள வேறுபாடு இங்குதான். நிலவைப் பார்க்கும்போது இருவர் ஒன்றைப் பார்த்துப் பேசிக்கொள்கிறார்கள். திரையின் முன் குழந்தை தனித்திருக்கிறது. இந்த இன்பத்துக்குப் பணம் வேண்டாம். ஓய்ந்திருக்கும் ஒருவர் வேண்டும்.

அந்த ஒருவர் யார்? முதலில் தந்தை. தாய்ப்பால் கொடுப்பது ஒன்றைத் தவிரப் பிள்ளை வளர்ப்பில் ஆணால் செய்ய முடியாத வேலை எதுவும் இல்லை. குளிப்பாட்டுவதையோ, ஒரு வேளை ஊட்டுவதையோ, இரவில் தூங்க வைப்பதையோ ஒன்றை நாள்தோறும் தந்தை தன் பொறுப்பாக ஏற்கலாம். "உதவி செய்கிறேன்" என்று சொல்லாமல் "இது என் வேலை" என்று செய்வதே வேண்டியது. மலையிலிருந்து இருவரும் ஒரே ஜீப்பில் திரும்பும் வீட்டில், ஒருவர் கால் நீட்டி அமர்வதும் மற்றவர் அடுப்பைப் பற்ற வைப்பதும் நியாயம் ஆகாது.

அடுத்து, பகலில் காக்கும் முதியவர்களின் சுமையைக் குறைக்க வீட்டைச் சீராக்குங்கள். தோட்டத்துக்கு வாங்கிய பூச்சிமருந்தைக் குடிநீர்ப் புட்டியில் ஊற்றி வைக்காதீர்கள், பூட்டி வையுங்கள். மண்ணெண்ணெயும் மாத்திரைகளும் எட்டாத உயரத்தில் இருக்கட்டும். தண்ணீர்த் தொட்டியையும் அண்டாவையும் மூடி வையுங்கள். முழு நிலக்கடலையை நான்கு வயதுக்கு முன் கொடுக்க வேண்டாம், இடித்துக் கொடுங்கள். ஓடிப் பிடிக்க முடியாத பாட்டிக்கு இவையே துணை.

மூன்றாவது கை ஊருடையது, அரசுடையது. இது புதிய கோரிக்கை அன்று. 1951 ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம், ஐம்பது பெண்கள் பணிபுரியும் தோட்டங்களில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும் என்று விதித்தது. 2005 ஆம் ஆண்டின் ஊரக வேலை உறுதிச் சட்டம், பணியிடத்தில் ஆறு வயதுக்குட்பட்ட ஐந்து குழந்தைகள் இருந்தால் அவர்களைக் காக்க ஒரு பெண்ணை ஊதியத்துடன் அமர்த்தச் சொன்னது. 2017 ஆம் ஆண்டின் திருத்தம், ஐம்பது பேர் பணிபுரியும் நிறுவனங்களில் காப்பகத்தைக் கட்டாயமாக்கி, பேறுகால விடுப்பை 26 வாரங்களாக்கியது. ஆனால் சிறு தோட்டங்களில், நாளுக்கொரு முதலாளியிடம் கூலிக்குப் போகும் பெண்ணை இத்தகைய எண்ணிக்கை வரம்புகள் எட்டுவதில்லை. முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தின் 18,000 ரூபாய் அவளுக்குப் பேருதவி. எனினும் அது தீர்ந்ததும் ஆறு மாதக் குழந்தையை விட்டு ஜீப் ஏற வேண்டியவளாகிறாள்.

நம் ஊர்களில் அங்கன்வாடி உண்டு. 1975 ஆம் ஆண்டு அக்டோபர் 2 அன்று தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டமும், 1982 ஆம் ஆண்டு சூலை 1 அன்று எம்.ஜி.ஆர். தொடங்கிவைத்த சத்துணவுத் திட்டமும் தமிழகக் குழந்தைகளின் உடலில் செய்த நன்மையை நாங்கள் அறிவோம். ஆனால் ஜீப் புறப்படும் விடியலில் அங்கன்வாடி திறந்திருப்பதில்லை. ஜீப் திரும்பும் வரை அது காத்திருப்பதும் இல்லை. இடைப்பட்ட நேரமே பாட்டிமாரின் தோளில் விழுகிறது. அங்கன்வாடியுடன் காப்பகத்தையும் இணைத்து நடத்த 2022 ஆம் ஆண்டு முதல் 'பால்னா' என்ற மத்திய அரசுத் திட்டம் இடமளிக்கிறது. ஏலத்தோட்டத் தொழிலாளர் மிகுந்த இவ்வூர்களைவிட அதற்குத் தகுதியான இடம் வேறெது?

கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. சாலை, குடிநீர், தெருவிளக்கு ஆகியவற்றுடன், "விடியற்காலையிலிருந்து மாலை வரை இயங்கும் குழந்தைகள் காப்பகம் எங்கள் ஊருக்கு வேண்டும்" என்பதையும் ஒரு தீர்மானமாக முன்வையுங்கள். தாய்மார் மட்டும் எழுந்து கேட்டால் போதாது; தந்தையரும் தாத்தாக்களும் உடன் எழ வேண்டும். எடை அட்டைகளோ மருத்துவர் கருத்தோ தேவைப்படின் நாங்கள் தருவோம்.

எங்களிடமிருந்து ஒரு வேண்டுகோள். அடுத்த தடுப்பூசிக்கோ எடை பார்க்கவோ வரும்போது, பகலில் பிள்ளையைக் காப்பவர் யாரோ அவரையும் அழைத்து வாருங்கள். தந்தை ஒரு நாள் கூலியை இழந்தாவது ஒருமுறை வரட்டும். அறிவுரையைத் தாயிடம் மட்டும் சொல்லி அனுப்பாமல், குழந்தையைத் தாங்கும் கைகள் அனைத்திடமும் பேச விரும்புகிறோம். அப்பத்தாவின் மூட்டு வலியையும் அன்றே பார்த்து அனுப்ப ஏற்பாடு செய்வோம்.