வெளிச்சம் பட்டால் கிருமி சாகும் பிளாஸ்டிக்: மாட்டுக் கொட்டகைக்கு எப்போது வரும்?

ஒரு நாள் கழுவாமல் விட்ட பால் கேனுக்குள் விரலால் தடவிப் பாருங்கள். வழவழவென்று ஒட்டும். அது வெறும் அழுக்கு இல்லை. பாக்டீரியாக்கள் கூட்டமாகச் சேர்ந்து, பசையைச் சுரந்து, அதற்குள் குடியிருக்கின்றன. இதுதான் பயோஃபிலிம். தனியாகத் திரியும் கிருமியைக் கொல்வதைவிட நூறு மடங்கு, சில சமயம் ஆயிரம் மடங்கு வரை மருந்து இதற்குத் தேவைப்படலாம்.

ஒரத்தநாடு பக்கம் இது வெறும் லேப் சமாச்சாரம் அல்ல. கறவை மாட்டுக்கு மடிநோய் வந்து, ஊசி போட்டுச் சரியாகி, மறுபடியும் வருகிறதே, அதற்கு ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் கட்டும் இந்தப் படலமும் ஒரு காரணம். ஆன்டிபயாடிக் போட்ட நாட்களில் சொசைட்டிக்குப் பால் ஊற்றவும் கூடாது. மருந்துகளும் குறைந்துகொண்டே வருகின்றன. கால்நடைகளுக்குக் கொலிஸ்டின் கொடுப்பதை மத்திய அரசு 2019இல் தடை செய்தது.

சரி, வேறு வழி? பிளாஸ்டிக், சிலிகோன் போன்ற பாலிமருக்குள் ஒரு சாயத்தை ஏற்றிவிடுகிறார்கள். வெளிச்சம் பட்டதும் சாயம் அந்த ஆற்றலைப் பக்கத்திலுள்ள ஆக்சிஜனுக்குக் கைமாற்றும். முறுக்கேறிய ஆக்சிஜன் கிருமியின் சவ்வு, புரதம், டிஎன்ஏ என்று கிடைத்ததையெல்லாம் தாக்கும். ஒரே இடத்தில் அடித்தால் கிருமி தப்பிக்கப் பழகிவிடும். இப்படிப் பல இடத்தில் அடித்தால் அது கஷ்டம். 2020இல் லண்டன் யூனிவர்சிட்டி காலேஜ் குழு, கிரிஸ்டல் வயலட் சாயத்துடன் நுண்ணிய தங்கக் கொத்துகளைச் சேர்த்து, சுமார் 300 லக்ஸ் அறை வெளிச்சத்திலேயே இதைச் சாதித்தது.

ஆஸ்பத்திரிக் குழாய்க்கு அது பொருந்தலாம். பாலுக்கு? கிரிஸ்டல் வயலட் உணவில் கலக்கவே கூடாத சாயம். இங்கேதான் நம்ம மஞ்சள் வருகிறது. அதிலுள்ள குர்குமின் நீல வெளிச்சத்தில் இதே வேலையைச் செய்யும், சாப்பிடவும் பாதுகாப்பானது. (மடிக்குப் பூசும் கற்றாழை-மஞ்சள்-சுண்ணாம்பு வைத்தியத்தோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.)

குறைகளும் உண்டு. குர்குமின் வெளிச்சத்திலேயே சீக்கிரம் வெளுத்துவிடும். முறுக்கேறிய ஆக்சிஜன் சில மைக்ரோ விநாடிதான் தாங்கும் என்பதால், ஒட்டியிருக்கும் கிருமி மட்டுமே சாகும். மடிக்குள் வெளிச்சம் போகாது. ஆக, இது மருந்து அல்ல. கறவை இயந்திரத்தின் ரப்பர், கேன் மூடி மாதிரியான பரப்புகளில் படலம் கட்டாமல் தடுக்கத்தான் உதவும்.

ஒரத்தநாட்டிலேயே 2012 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. சுற்றிலும் மாடுகள், பக்கத்துத் தஞ்சாவூரில் ஆய்வுக்கூடங்கள். கொட்டகைக்கான சோதனையை இங்கே தொடங்க அரசு நிதி ஒதுக்கலாம். அதுவரை, கேனைச் சும்மா அலசினால் போதாது. சுடுதண்ணீர் ஊற்றி, பிரஷ் போட்டுத் தேய்த்தால்தான் படலம் உடையும்.