‘வயசாயிடுச்சு’ங்கறது டயக்னோசிஸ் இல்ல

1/ பாப் டிலன் பத்திப் பேச்சு வந்தாலே ரெண்டு டயலாக் நிச்சயம் வரும். ஒண்ணு, "1966-லயே ஆள் முடிஞ்சுட்டாரு. அப்புறம் வந்ததெல்லாம் பழைய பேருக்காக ஓடுது." ரெண்டு, "செத்துப் பிழைச்சதாலதான் 1997-ல ஒரு நல்ல ஆல்பம் போட்டாரு." ரெண்டுமே தப்பு. தேதி வாரியா பாப்போம். நீளமான இழை, பொறுமையா படிங்க.

2/ தெரியாதவங்களுக்கு: அமெரிக்காவின் மினசோட்டாவில் 1941-ல் பிறந்தவர். முதல் ஆல்பம் 1962. இலக்கிய நோபல் 2016. 1965, 66-ல் மட்டும் 'பிரிங்கிங் இட் ஆல் பேக் ஹோம்', 'ஹைவே 61 ரீவிசிட்டட்', 'ப்ளாண்ட் ஆன் ப்ளாண்ட்'னு மூணு ஆல்பம். ராக் பாட்டுல வரிகள் எப்படி இருக்கலாம்னு மாத்தி எழுதின மூணு. இதுல யாருக்கும் சண்டை இல்ல.

3/ ஆனா அந்த மூணையும் அன்னைக்கே எல்லாரும் தலையில தூக்கி வெச்சு ஆடலை. நாட்டுப்புற கிட்டாரை வெச்சுட்டு எலக்ட்ரிக் கிட்டாரை எடுத்ததுக்கு 1965 நியூபோர்ட் விழாவில் கூச்சல். 1966 மே, மான்செஸ்டரில் கூட்டத்துல இருந்து ஒருத்தர் "யூதாஸ்"னு கத்தினார். "பழைய டிலன்தான் வேணும்"ங்கற புலம்பல் அவரோட 24 வயசுலயே ஆரம்பிச்சாச்சு. இன்னைக்குப் புலம்புறவங்க அதே வரிசையில கடைசியா நிக்கறாங்க, அவ்ளோதான்.

4/ இப்போ 'வயசு' தியரியை டெஸ்ட் பண்ணுவோம்.
33 வயசு: 'பிளட் ஆன் த ட்ராக்ஸ்'. உச்சம்.
45 வயசு: 'நாக்டு அவுட் லோடட்'. பாதாளம்.
56 வயசு: 'டைம் அவுட் ஆஃப் மைண்ட்'. கிராமியில் ஆண்டின் சிறந்த ஆல்பம்.
65 வயசு: 'மாடர்ன் டைம்ஸ்'. 30 வருஷத்துக்கு அப்புறம் அமெரிக்காவில் நம்பர் 1.
79 வயசு: 'ரஃப் அண்ட் ரவுடி வேஸ்'.
வயசுதான் காரணம்னா கிராஃப் இறங்கிட்டே போகணும். இது இறங்கி, மறுபடி ஏறுது. அப்போ காரணம் வேற.

5/ என்ன காரணம்? 1985-ல வந்த 'எம்பயர் பர்லெஸ்க்' கேளுங்க. அந்தக் கால ஃபேஷன் டிரம்ஸும் சிந்தசைசரும் பாட்டை அமுக்கிடுது. 86, 88 ஆல்பங்கள் பல இடத்துல, பல பேரோட, துண்டு துண்டா பதிவு பண்ணி ஒட்டினது. சொந்தப் பாட்டே குறைவு. அந்த நாட்கள்ல உள்ளுக்குள்ள காலியா இருந்ததை 2004-ல் வந்த தன் நினைவுக்குறிப்பு நூலில் அவரே எழுதியிருக்கார்.

6/ வைத்தியம் என்ன? 1988 ஜூனில் சின்ன பேண்டோட ஊர் ஊரா கிளம்பினார். 1990-க்கும் 97-க்கும் நடுவுல புது சொந்தப் பாட்டு ஆல்பமே இல்ல. 92, 93-ல் தனியா கிட்டாரோட உக்காந்து பழைய நாட்டுப்புறப் பாட்டும் ப்ளூஸும் பாடி ரெண்டு ஆல்பம். பலர் இதை 'சரக்கு தீந்துபோச்சு'ன்னு படிச்சாங்க. எனக்கு அது வேருக்குத் தண்ணி ஊத்தினது. அதுக்கப்புறம் வந்ததுதான் 97.

7/ இப்போ என் டிபார்ட்மென்ட். 1997 மே மாசம் அவருக்கு வந்தது ஹிஸ்டோபிளாஸ்மோசிஸ். பறவை, வவ்வால் எச்சம் கலந்த மண்ணுல வளர்ற பூஞ்சை, தூசியோட மூச்சுல உள்ளே போகும். அதனால இதயத்தைச் சுத்தி இருக்கிற உறையில அழற்சி. வலி கடுமையா இருக்கும். டூர் ரத்து. ஆகஸ்ட்டில் மறுபடி மேடை.
ஆனா 'டைம் அவுட் ஆஃப் மைண்ட்' மயாமியில் பதிவானது அதே வருஷம் ஜனவரியில்! ஆல்பம் முதல்ல, நோய் அப்புறம். விளைவு வந்த பிறகு காரணம் வராதுங்க.

8/ "சாவைப் பத்தி இவ்ளோ பாடியிருக்காரே?" முதல் ஆல்பத்தை எடுங்க. 20 வயசுல பதிவு பண்ணினது. 13 பாட்டுல ரெண்டுதான் சொந்தம். மத்த பாட்டுகள்ல சாவும் கல்லறையும் திரும்பத் திரும்ப வரும், அதுவும் வேணும்னே கிழவனார் குரல்ல. சாவு அவருக்கு ஆஸ்பத்திரியில கிடைச்ச சப்ஜெக்ட் இல்ல. ப்ளூஸ்ல இருந்து எடுத்துக்கிட்டது.

9/ "குரல் போச்சே?" போச்சு. வயசானா குரல் நாண் மெலியும், சரியா மூடாது, காத்து கசியும், உச்ச ஸ்தாயி எட்டாது. இது உடலியல். அந்த மிச்சக் குரலுக்கு ஏத்த மாதிரி தாழ்வா, பேசுற மாதிரி பாட்டு எழுதறது கலை. 2015-17ல பழைய அமெரிக்கப் பாட்டுகளா மூணு ஆல்பம் பாடினார். 2012-ன் 'டெம்பஸ்ட்'டையும் 2020 ஆல்பத்தையும் அடுத்தடுத்துக் கேளுங்க. பின்னாடி வந்ததுல சொல் ஒவ்வொண்ணும் தெளிவா விழுது.

10/ எல்லாமே பொக்கிஷம்னு சொல்லலை. 2009 கிறிஸ்துமஸ் ஆல்பத்தை நான் யாருக்கும் எழுதித்தர மாட்டேன். ஆனா மோசமான ஆல்பத்துக்கு அந்த ஆல்பத்துலயே காரணம் தேடுங்க. பிறந்த தேதியில தேடாதீங்க.

11/ ஒரு டாக்டருக்கு இதுல ஏன் இவ்ளோ கோபம்? ஓபியில தினமும் கேக்கிற வாக்கியம் இது. "ஆறு மாசமா சோர்வு சார். வயசாயிடுச்சுல்ல, அப்படித்தான் இருக்கும்னு விட்டுட்டோம்." ரத்தம் எடுத்தா கடுமையான ரத்தசோகை இருக்கும், இல்ல தைராய்டு இருக்கும். சரி பண்ணக்கூடிய நோய், 'வயசு'ங்கற ஒத்தை வார்த்தைக்குக் கீழ புதைஞ்சு கிடக்கும். வயசு ரிஸ்க் ஃபேக்டர் மட்டும்தான். அதைச் சொன்னதும் தேடுறதை நிறுத்திடறோம் பாருங்க, அதான் ஆபத்து.

12/ அதனால ஒண்ணு பண்ணுங்க. டிலனை 1965-ல இருந்து ஆரம்பிக்காதீங்க. 2020-ல ஆரம்பிச்சுப் பின்னாடி வாங்க. கிட்டத்தட்ட 17 நிமிஷம் ஓடுற அந்தக் கடைசிப் பாட்டை முழுசா கேட்டுட்டு வந்து சொல்லுங்க, ஆள் முடிஞ்சுட்டாரான்னு.