பழைய டீசல் கார்: நம் வாய்ச்சொல்லுக்கு என்ன விலை?



பாலிடெக்னிக்கில் சேர்ந்து முதல் செமஸ்டர் முடிவதற்குள் நம் தெருவில் நமக்கு ஒரு பட்டம் கிடைத்துவிடுகிறது. "அவன் மெக்கானிக்குக்குப் படிக்கிறான்" என்பதுதான் அது! நாம் சிவில் பிரிவாக இருந்தாலும் சரி, எலெக்ட்ரிகலாக இருந்தாலும் சரி, தெருவில் யாராவது பழைய கார் வாங்கக் கிளம்பினால் "தம்பி, நீயும் கூட வந்து ஒரு பார்வை பாரேன்" என்று கூப்பிடுகிறார்கள். எங்கள் குடும்பத்தில் படிக்க வந்த முதல் ஆள் நான். பெசன்ட் நகரில் எங்கள் தெருவில் பாதிப் பேர் வீட்டிலும் அப்படித்தான். ஆகவே நாம் சொல்லும் ஒரு வார்த்தையை நம்பி, சீட்டு எடுத்த பணத்தையும் அடகு வைத்த நகையையும் கொண்டுபோய்க் கொட்டுகிறார்கள். இது விளையாட்டு விஷயம் இல்லை.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பழைய டீசல் கார் கேட்டு வருகிறவர்களில் பலருக்கு நாம் சொல்ல வேண்டிய நேர்மையான பதில் "வேண்டாம்" என்பதே. "வாங்கலாம்" என்று சொல்வதானால் முழுதாகப் பார்த்துவிட்டுச் சொல்ல வேண்டும். எதைச் சொன்னாலும் விற்கிறவனிடம் காசு வாங்காமல் சொல்ல வேண்டும்.

மாதம் எத்தனை கிலோமீட்டர்?

எல்லோரும் முதலில் கேட்பது "வண்டி எப்படி?" என்றுதான். நாம் முதலில் கேட்க வேண்டியது "உங்கள் ஓட்டம் எவ்வளவு?" என்பது.

டீசல் கார் மோகம் சும்மா வந்ததல்ல. 2012 மே மாதம் பெட்ரோல் விலை ஏறியபோது, பெட்ரோலுக்கும் டீசலுக்கும் லிட்டருக்கு முப்பது ரூபாய்க்கு மேல் வித்தியாசம் இருந்தது. அன்று டீசல் கார் வாங்கினவர் புத்திசாலி. 2014 அக்டோபரில் டீசல் விலைக் கட்டுப்பாடு நீக்கப்பட்டது. அந்தப் பழைய இடைவெளி அதன்பிறகு திரும்பவே இல்லை. ஆனால் "டீசல்னா லாபம்" என்ற பேச்சு மட்டும் இன்னும் நிற்கவில்லை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய், டீசல் 92 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஊருக்குள் பெட்ரோல் கார் 15 கிலோமீட்டர், டீசல் கார் 20 கிலோமீட்டர் தரும் என்று கொள்வோம். ஒரு கிலோமீட்டருக்கு மிச்சம் சுமார் இரண்டு ரூபாய். அடையாறு, மயிலாப்பூர், தி.நகர் என்று மாதம் 500 கிலோமீட்டர் ஓட்டுகிறவருக்கு மிச்சமாவது ஆயிரம் ரூபாய்! காமன் ரெயில் டீசல் இன்ஜினில் நாலு இன்ஜெக்டரும் ஒரு டர்போவும் போனால், பல வருஷம் சேர்த்த அந்த ஆயிரங்கள் ஒரே பில்லில் போய்விடும். யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்கு யோசிக்கக் கூடாது அல்லவா? மாதம் 1,500, 2,000 கிலோமீட்டர் ஓடுகிறவர், அதுவும் ஹைவேயில் ஓடுகிறவர் டீசல் வாங்கட்டும். அவருக்கு அது நல்ல வண்டி.

இன்னொன்றும் உண்டு. 2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுக்க பி.எஸ்.6 விதி வந்தது. அதன்பின் வந்த டீசல் கார்களின் சைலன்ஸர் பாதையில் கரியைப் பிடித்து வைக்க டி.பி.எஃப். என்ற ஃபில்டர் இருக்கிறது. பிடித்த கரியை அது எரித்துச் சுத்தம் செய்ய ஏறக்குறைய 600 டிகிரி சூடு வேண்டும். அதற்கு வண்டி கொஞ்ச நேரம் நிற்காமல் வேகமாக ஓட வேண்டும். பெசன்ட் நகர் டிப்போவிலிருந்து அடையாறு சிக்னல் வரை போய்த் திரும்பும் வண்டிக்கு அந்தச் சூடு எங்கிருந்து வரும்? சுத்தம் செய்ய இன்ஜின் கூடுதலாகப் பீய்ச்சும் டீசலில் கொஞ்சம் சிலிண்டர் சுவர் வழியாக இறங்கி இன்ஜின் ஆயிலில் கலக்கும். ஆகவே பி.எஸ்.6 டீசல் காரில் ஆயில் குச்சியை எடுத்துப் பாருங்கள். ஆயில் குறைந்திருந்தால் மட்டுமல்ல, மேல் கோட்டைத் தாண்டி ஏறியிருந்து டீசல் வாடை அடித்தாலும் ஆபத்துதான்.

ஆறிய வண்டியைக் கேளுங்கள்

பெட்ரோல் இன்ஜினில் பொறி வைத்துத் தீ மூட்டுகிறோம். டீசல் இன்ஜினில் காற்றை அழுத்தி அழுத்தியே அந்தச் சூடு வருகிறது. ஆகவே டீசல் வண்டியின் உயிர் கம்ப்ரஷனில் இருக்கிறது. கம்ப்ரஷன் நன்றாக இருக்கிறதா என்பது காலையில் ஆறிக் கிடக்கும் இன்ஜினை ஸ்டார்ட் செய்யும்போதுதான் தெரியும். நாம் போவதற்கு முன்பே வண்டி ஸ்டார்ட் ஆகி உறுமிக்கொண்டிருந்தால், "அண்ணே, நாளைக்குக் காலையில் வரோம், யாரும் தொடாம வைங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்துவிடுங்கள். பானெட்டைக் கையால் தொட்டுப் பார்த்தாலே விஷயம் தெரிந்துவிடும்.

ஸ்டார்ட் ஆனதும் பார்க்க வேண்டியவை:

1. புகை: ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது கறுப்பாக அள்ளிக் கொட்டினால் இன்ஜெக்டர், டர்போ, காற்றுப் பாதை ஆகியவற்றில் கோளாறு இருக்கலாம். நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்கவில்லை என்றால் டீசல் சரியாக எரியவில்லை, அல்லது ஹெட் கேஸ்கட் வழியே தண்ணீர் உள்ளே போகிறது.

2. பேக் கம்ப்ரஷன்: இன்ஜின் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பாருங்கள். லேசாக மூச்சு விட்டால் பரவாயில்லை. குபுகுபுவென்று ஆவியும் ஆயிலும் அடித்தால் ரிங், லைனர் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம்.

3. சத்தம்: ஸ்விஃப்ட், டிசையர் டீசல், டாட்டா விஸ்டாவின் குவாட்ராஜெட், ஃபியட் புன்ட்டோ ஆகிய மூன்று கம்பெனி வண்டிகளிலும் உள்ளே இருந்தது ஃபியட்டின் அதே 1.3 லிட்டர் இன்ஜின்தான். அதில் டைமிங் பெல்ட் இல்லை, செயின். ஸ்டார்ட் செய்தவுடன் முன்பக்கம் கடகடவென்று செயின் சத்தம் வந்தால் செலவு காத்திருக்கிறது. மாருதி 2020 ஏப்ரலில் டீசல் கார் விற்பதையே நிறுத்திவிட்டது. ஆகவே மாருதி டீசல் எது கைக்கு வந்தாலும் அது அதற்கு முந்திய வண்டிதான். வருஷத்தை அதற்கேற்ப எடை போடுங்கள்.

4. ஓட்டம்: ஏதாவது மேம்பாலத்தில் நாலு பேரை ஏற்றிக்கொண்டு ஏறுங்கள். இன்ஜின் இரைச்சல் ஏறி வேகம் ஏறவில்லை என்றால் கிளட்ச் பிளேட் போய்விட்டது. பிக்கப் திடீரென்று செத்துப்போனால் டர்போவைச் சந்தேகியுங்கள்.

வெள்ளமும் உப்பும்

எந்த ஊரில் கார் வாங்கினாலும் மேலே சொன்னதெல்லாம் பொருந்தும். சென்னையில் வாங்குகிறவர் இன்னும் இரண்டைப் பார்த்தே ஆக வேண்டும்.

2015 டிசம்பர் 1, 2 தேதிகளில் செம்பரம்பாக்கம் உபரி நீரும் மழை நீரும் அடையாற்றில் பெருகி, ஜாபர்கான்பேட்டை, சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் என்று கரையோரமெல்லாம் கார்கள் மூழ்கின. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது பள்ளிக்கரணையில் கார்கள் காகிதக் கப்பல் மாதிரி மிதந்ததை நாம் பார்த்தோம். பட்ட பாடு மறக்காமல்தான் 2024 அக்டோபரில் மழை எச்சரிக்கை வந்தவுடன் வேளச்சேரி மேம்பாலத்தின் மேலேயே ஜனங்கள் கார்களை வரிசையாக நிறுத்தினார்கள்.

மூழ்கிய வண்டிகளில் டீசல் வண்டிக்கு ஆபத்து அதிகம். காற்றை அழுத்தலாம், தண்ணீரை அழுத்த முடியாது. தண்ணீர் புகுந்த சிலிண்டரை ஸ்டார்ட் செய்தால் பிஸ்டன் ஏற வழியின்றிக் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். லேசாக வளைந்த ராடோடு வண்டி சில காலம் ஓடவும் செய்யும். அதற்குள் கை மாறிவிடும்!

சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள். மேலே வெளுப்பாக இருக்கும், உள்ளே சுருண்ட பகுதியில் சேற்றுக் கோடு தெரியும். தரைவிரிப்பைத் தூக்கிப் பாருங்கள். சீட் ஓடும் ரெயிலில் துரு, ஃபியூஸ் பெட்டிக்குள் வண்டல், ஹெட்லைட்டுக்குள் நீர்க்கோடு, காருக்குள் தூக்கலான சென்ட் வாசனை இதெல்லாம் சாட்சி. அந்த இரண்டு டிசம்பர்களை ஒட்டி இன்சூரன்ஸ் கிளெய்ம் இருக்கிறதா என்றும், கம்பெனி சர்வீஸ் சென்டரில் ரெக்கார்டு என்ன சொல்கிறது என்றும் விசாரியுங்கள்.

அடுத்தது உப்பு. எலியட்ஸ் பீச் பக்கம் குடியிருக்கிறவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஜன்னல் கம்பி, கேட், ஏ.சி. வெளிப்பெட்டி எல்லாவற்றையும் கடல் காற்று தின்கிறது. கார் மட்டும் தப்புமா? மேலே டிங்கரிங் செய்து பட்டி வைத்துப் பெயிண்ட் அடித்துவிடலாம், அடியில் முடியாது. வண்டியைத் தூக்கி அண்டர் சேசிஸைப் பாருங்கள். பிரேக் பைப், சஸ்பென்ஷன் பிடிக்கும் இடங்கள், கதவின் அடிவிளிம்பு, டிக்கியில் ஸ்டெப்னி உட்காரும் குழி ஆகியவற்றைத் தடவியும் தட்டியும் பாருங்கள். ஒயர் கனெக்டர்களில் பச்சை பூத்திருந்தால் நாளை லைட் லைட்டாக அணையும்.

மீட்டரும் பேப்பரும்

"சார், டாக்டர் வண்டி, சிங்கிள் ஓனர், சும்மா கிண்ணுனு இருக்கும்!" இந்த வசனம் கேட்காத ஆட்டோ கன்சல்டிங் உண்டா? மீட்டரைத் திருப்புவது இன்று லேப்டாப் வேலை. ஆகவே மீட்டரை விட்டுவிட்டு மிதியைப் பாருங்கள். 40,000 கிலோமீட்டர் என்கிற வண்டியில் கிளட்ச் ரப்பர் வழவழவென்று தேய்ந்திருக்கக் கூடாது. டயரின் பக்கவாட்டில் நாலு எண் இருக்கும். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருஷம். மஞ்சள் போர்டில் டாக்ஸியாக ஓடிப் பிறகு சொந்த வண்டியாக மாற்றப்பட்டதா என்பதையும் ஆர்.டி.ஓ. ரெக்கார்டில் பாருங்கள்.

டில்லிப் பகுதியில் பத்து வருஷம் தாண்டிய டீசல் வண்டிகள் ஓடக்கூடாது என்று தேசிய பசுமைத் தீர்ப்பாயம் சொல்லி, 2018-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அங்கே விலை இறங்கிய கார்கள் தெற்கே வந்தன. அந்த மாதிரி வெளிமாநில வண்டி மலிவாகக் கிடைத்தால் என்.ஓ.சி. இருக்கிறதா, இங்கே கட்ட வேண்டிய ஆயுள் வரி எவ்வளவு என்று கேட்டுக் கூட்டிப் பாருங்கள். மலிவு மறைந்துவிடும்.

ஆர்.சி.யில் ஃபைனான்ஸ் பெயர் இருந்தால் கடன் தீர்ந்த கடிதமும் ஃபாரம் 35-ம் வேண்டும். பெயர் மாற்ற ஃபாரம் 29, 30. நம் பகுதிக்குத் திருவான்மியூர் ஆர்.டி.ஓ. "பெயர் அப்புறம் மாத்திக்கலாம்" என்ற பேச்சே கூடாது. 2018 பிப்ரவரியில் நவீன் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது: வண்டி எத்தனை கை மாறினாலும், விபத்து நடந்தால் ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவரே பொறுப்பு. விற்றவருக்கும் இதைச் சொல்லுங்கள், அவரே ஓடி வந்து கையெழுத்துப் போடுவார். இன்சூரன்ஸையும் பதினாலு நாளுக்குள் வாங்குகிறவர் பெயருக்கு மாற்றக் கேட்க வேண்டும்.

கமிஷன் என்னும் துரு

இவ்வளவும் புத்தகத்திலும் ஒர்க்ஷாப்பிலும் கற்றுக்கொள்ளலாம். கற்றுக்கொள்ளக் கஷ்டமானது ஒன்று இருக்கிறது.

எங்கள் தெரு அண்ணன் ஒருவருக்காகச் சென்ற ஆண்டு ஒரு பி.எஸ்.6 டீசல் கார் பார்க்கப் போனேன். பிள்ளைகளை ஸ்கூலில் விடவும், மாதம் ஒரு தடவை காஞ்சிபுரம் மாமியார் வீட்டுக்குப் போகவும்தான் அவருக்குக் கார். அண்ணி கழுத்துச் செயின் அடகுக்குப் போயிருந்தது. நான் குச்சியை எடுத்துப் பார்த்தேன். ஆயில் மேல் கோட்டுக்கும் மேலே இருந்தது, டீசல் வாடை மூக்கில் ஏறியது. புரோக்கர் என்னைத் தனியே கூப்பிட்டு, "தம்பி, ஓகேன்னு ஒரே வார்த்தை சொல்லு, மூவாயிரம் உன் பாக்கெட்ல" என்றார். நான் பதில் சொல்லாமல் திரும்பி வந்து, இருவர் முன்னாலும் குச்சியைக் காட்டி, "அண்ணே, இது உங்களுக்கு வேணாம்" என்றேன். ஆசையாக வந்தவர் முகம் சுருங்கிவிட்டது. இரண்டு வாரம் என்னோடு பேசவில்லை.

மூவாயிரம் நமக்குப் பெரிய பணம்தான். எக்ஸாம் ஃபீஸ், பஸ் செலவு எல்லாம் எனக்கும் தெரியும். ஆனால் அந்த மூவாயிரம் எங்கிருந்து வருகிறது? வாங்குகிறவர் கொடுக்கும் விலையிலிருந்துதான். அதாவது நம்மை நம்பிக் கூட்டிப்போனவர் பையிலிருந்தே நாம் எடுக்கிறோம். படிக்காதவரை ஏமாற்ற, படித்தவனை வாடகைக்கு எடுக்கிறார்கள். படித்தவன் என்ற பெயர் நம் வீடுகளுக்கு இப்போதுதான் வந்திருக்கிறது. அதை முதல் தலைமுறையிலேயே விற்றுவிட்டால் நமக்குப் பின்னால் வரும் தம்பி தங்கைகளின் வார்த்தையை யார் நம்புவார்?

ஆகவே நம் மாணவர் சங்கத்துக்கு ஒரு யோசனை. ஆட்டோமொபைல், மெக்கானிக்கல் மாணவர்கள் மூன்று மூன்று பேராகச் சேர்ந்து, ஆசிரியர் ஒருவர் மேற்பார்வையில், ஞாயிறு காலைகளில் அக்கம்பக்கத்தாருக்கு இலவசமாக வண்டி பார்த்துக் கொடுப்போம். பார்த்ததை ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுப்போம். மூன்று கையெழுத்தை விலைக்கு வாங்குவது ஒருவனை மடக்குவது போல சுலபமில்லை. நமக்கும் கிளாஸ் ரூமில் கிடைக்காத அனுபவம் கிடைக்கும்.

கையில் டார்ச், பழைய துணி, வாயில் உண்மை. வண்டி பார்க்கப் போகிற டிப்ளமாக்காரனுக்கு இந்த மூன்றும் போதும். சிந்திப்பீர், தோழர்களே!

– இறுதியாண்டு, ஆட்டோமொபைல் பிரிவு