தேறாத குட்டிக்கு என்ன எழுதுகிறோம்?

"குட்டி தேறவே மாட்டேங்குது சார், எதாச்சும் டானிக் எழுதிக் குடுங்க." மல்லாங்கிணறு, காரியாபட்டி, திருச்சுழிப் பக்கம் கால்நடை மருத்துவம் பார்க்கிற எவருக்கும் இந்தப் பேச்சு புதிதல்ல. வெள்ளாட்டுக்குக் கழிச்சல் மருந்து வாங்க வந்தவர் கையோடு ஒரு கட்டைப்பையில் நாய்க்குட்டியையும் போட்டுக்கொண்டு வந்திருப்பார். ஆட்டுக்கு விவரமாகக் கேட்டு எழுதுகிறோம். குட்டிக்கு ஈரல் டானிக் ஒன்று, கால்சியம் சிரப் ஒன்று, பூச்சி மாத்திரை அரை. சீட்டு நிறைந்துவிடும், அவரும் திருப்தியாகப் போய்விடுவார். அந்தச் சீட்டில் குட்டியின் எடை இருக்காது. அது என்ன தின்கிறது, நாளைக்கு எத்தனை வேளை என்பதும் இருக்காது.

மெலிந்த குட்டிக்கு நாம் எழுதவேண்டிய முதல் மருந்து சாப்பாடு என்பதே இந்த இதழின் கருத்து. அதையும் மருந்தை எழுதுகிற மாதிரியே அளவு போட்டு, வேளை போட்டு எழுதவேண்டும். "நல்லா சாப்பாடு போடுங்க" என்று வாயால் சொல்லி அனுப்புவதில் பயனில்லை. எந்த வீட்டுக்காரரும் தான் போடுவது மோசமான சாப்பாடு என்று நினைத்துப் போடுவதில்லை.

முதலில் எடை. தராசு இல்லை என்பது நாம் வழக்கமாகச் சொல்லும் சாக்கு. பெரிய மேடைத் தராசில் 200 கிராம் வித்தியாசம் தெரியாது என்பது உண்மைதான். ஆனால் பலசரக்குக் கடையில் பருப்பு நிறுக்கிற எலக்ட்ரானிக் தராசு ஐந்து, பத்து கிராமையும் காட்டிக்கொடுத்துவிடும். அதன்மேல் ஒரு பிளாஸ்டிக் கூடையை வைத்து, எண்ணைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து, குட்டியை உள்ளே விட்டால் போதும். துள்ளுகிற குட்டியைத் துண்டில் சுற்றி வைக்கலாம். வளர்ந்தபின் எத்தனை கிலோ வரும் என்று எதிர்பார்க்கிறோமோ, அதில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 2 முதல் 4 கிராம் வரை ஏறவேண்டும் என்பது நமக்குத் தெரிந்த பழைய கணக்கு. ஐந்து கிலோ வரக்கூடிய ஸ்பிட்ஸ் குட்டி வாரத்துக்கு 70 முதல் 140 கிராம் ஏறவேண்டும். இருபது கிலோ வரக்கூடிய குட்டி 280 முதல் 560 கிராம். இதைக் கண்ணால் பார்த்துச் சொல்லிவிட முடியாது. வாராவாரம் அதே கடைத் தராசில் நிறுத்து, சுவரில் தொங்கும் தினசரிக் காலண்டரில் குறித்துவைக்கச் சொன்னால் செய்வார்கள். ஆட்டுக்குட்டியை எடை போட்டு விற்கிற ஊர்க்காரர்களுக்கு நாம் தராசைப் பற்றிச் சொல்லித்தரத் தேவையில்லை. பூச்சி மருந்துக்கும் எடை வேண்டும். பல மாத்திரைகள் பத்து கிலோவுக்கு ஒன்று என்ற கணக்கில் வருகின்றன. 1.4 கிலோ குட்டிக்கு நாம் கைப்பழக்கத்தில் எழுதுகிற 'அரை' மூன்றரை மடங்கு மருந்து.

அடுத்தது கை. உலகச் சிறுபிராணி கால்நடை மருத்துவர் சங்கம் 2011-இல் வெளியிட்ட வழிகாட்டி, வெப்பம், நாடி, மூச்சு, வலி என்ற நான்கோடு ஊட்டச்சத்து மதிப்பீட்டை ஐந்தாவதாகச் சேர்த்தது. அதற்குக் கருவி எதுவும் வேண்டாம், விரல்கள் போதும். ஊரில் பொமரேனியன் என்று சொல்லப்படுகிற ஸ்பிட்ஸ், முடியின் அடர்த்தியில் கொழுகொழுவென்று தெரியும். விரலை முடிக்குள் விட்டு விலாவில் ஓட்டிப் பாருங்கள், முதுகெலும்பின் இரு பக்கத்தையும் அழுத்திப் பாருங்கள். பல குட்டிகளில் சதையே இருக்காது, முடி மட்டும்தான் இருக்கும். 9 புள்ளி அளவுகோலில் 4, 5 சரியான நிலை. 3 என்றால் கேள்வி கேட்க ஆரம்பிக்க வேண்டும்.

இதற்கு நேர்மாறான தொல்லையும் நம் பகுதியில்தான் அதிகம். கர்னாலில் உள்ள தேசியக் கால்நடை மரபுவளப் பணியகம் முதலில் பதிவுசெய்த மூன்று நாய் இனங்களில் இரண்டு, ராஜபாளையமும் சிப்பிப்பாறையும், நம் சீமைக்காரர்கள். சிப்பிப்பாறையும் கன்னியும் ஓடிப் பிடிக்கிற இனங்கள். கடைசி இரண்டு மூன்று விலா தெரிவதும், இடுப்பெலும்பு முனை தெரிவதும், வயிறு ஒட்டியிருப்பதும் அவற்றின் வார்ப்பு. மதுரையில் குடியிருக்கும் மகன் வந்து பார்த்துவிட்டு, "என்னப்பா, நாயைப் பட்டினி போட்டு வச்சிருக்கீங்க" என்று சொன்னதால் மறுநாளே நம்மிடம் ஓட்டிவரப்பட்ட சிப்பிப்பாறைகள் எத்தனையோ உண்டு. தொடைச்சதை திரண்டிருந்து, முடி பளபளவென்று இருந்து, ஈறு சிவந்திருந்தால் அந்த நாய்க்கு எதுவும் எழுதாமல் அனுப்புவதே வைத்தியம். லாப்ரடார் நாய்களில் 14 ஆண்டு நடந்து 2002-இல் வெளிவந்த ஆய்வில், கால் பங்கு குறைவாகத் தின்ற நாய்களின் இடைநிலை ஆயுள் 13 ஆண்டு. கூடுதலாகத் தின்றவற்றுக்கு 11.2.

இனி சோற்றுக் கணக்கு. எடையின் 0.75 அடுக்கை 70-ஆல் பெருக்கினால் ஓய்வுநிலைத் தேவை வரும். நான்கு மாதம் வரை அதைப்போல மூன்று மடங்கு, பிறகு இரண்டு மடங்கு. அடுக்குப் பொத்தான் இல்லாத கைபேசியில் எடை × எடை × எடை என்று பெருக்கி, வர்க்கமூலப் பொத்தானை இரண்டு முறை தட்டினால் அந்த அடுக்கு வந்துவிடும். இரண்டு மாதக் குட்டி, 2 கிலோ: ஓய்வுநிலைக்கு 118, மும்மடங்கு போட்டால் சுமார் 350 கிலோகலோரி.

வீட்டில் என்ன போடுகிறார்கள்? பால் சோறு. 200 கிராம் சோறும் 100 மில்லி பாலும் சேர்ந்தால் 325 கிலோகலோரி வந்துவிடும். குறை தெரிவது புரதத்தில். சோற்றில் 5, பாலில் 3, ஆக மொத்தம் எட்டு ஒன்பது கிராம். அமெரிக்கத் தீவனத் தர அமைப்பு வளரும் குட்டிக்கு வைத்திருக்கிற குறைந்தபட்சம் 1000 கிலோகலோரிக்கு 56 கிராம். நம் குட்டிக்கு 20 கிராம். பாதிகூடக் கிடைக்கவில்லை. வயிறு பானையாகவும் முதுகு கத்தியாகவும் இருக்கிற குட்டிகளில் எல்லாமே புழு அல்ல, பாதி இந்தப் பால் சோறு. அதையாவது முழு அளவில் போடுகிறார்களா என்றால் அதுவும் இல்லை. எல்லோரும் சாப்பிட்டு முடித்தபின் மிஞ்சியது ராத்திரி ஒரே வேளையாக வந்து விழும். திருச்சுழியில் பிறந்த ரமணர், திருவண்ணாமலை ஆசிரமத்தில் முதலில் நாய்களுக்கு, பிறகு இரந்து வந்தவர்களுக்கு, அதற்கப்புறம் அன்பர்களுக்கு என்று சோற்றுக்கு ஒரு வரிசை வைத்திருந்தார். அவ்வளவு தூரம் போகச்சொல்லி நாம் யாரையும் கேட்கவில்லை. நான்கு வேளையாகப் பிரித்துப் போட்டால் போதும். கோடையில் உச்சிவேளைச் சாப்பாட்டைக் குட்டி தொடாது; வெயில் ஏறுமுன் இரண்டு வேளை, இறங்கியபின் இரண்டு வேளை என்று எழுதிக்கொடுக்கலாம்.

இரண்டு கிலோ குட்டிக்கு ஒரு நாள் சீட்டு இப்படி இருக்கலாம்: அவித்த முட்டை ஒன்று, எலும்பில்லாமல் வேகவைத்த கோழிக்கறி 50 கிராம், குழைந்த சோறு 100 கிராம், கடலெண்ணெய் ஒரு தேக்கரண்டி. கலோரி 330-ஐத் தொடும், புரதம் 20-ஐத் தாண்டும். இதோடு முட்டை ஓட்டைக் கழுவி, வறுத்து, மிக்சியில் பொடித்து அரைத் தேக்கரண்டி. அதில் ஏறக்குறைய ஒரு கிராம் கால்சியம் கிடைக்கும், இந்தக் குட்டிக்கு அவ்வளவுதான் தேவை. கறியும் சோறும் மட்டும் போட்டு வளர்த்த குட்டி கால் வளைந்து, தாவிக் குதித்ததில் எலும்பு முறிந்து வருவதைப் பார்த்திருக்கிறோம். கால்சியம் சிரப் எழுதுகிறவர்கள் ஒரு வேளைக்கு அதில் எத்தனை மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது என்று லேபிளைப் படித்துவிட்டு எழுதுவது நல்லது. வாரத்தில் இரண்டு நாள் கொஞ்சம் ஈரலும் உப்பில்லாத மீனும் சேர்ந்தால் மற்ற சத்துகளும் ஓரளவு ஈடாகும். நீண்ட நாளுக்கு இந்தச் சீட்டு மட்டும் முழுமையானதல்ல. வாங்க முடிந்தவர்களுக்குக் குட்டித்தீவனம் 90 கிராம் என்று அளந்தே எழுதிவிடலாம். வெங்காயம் கிடந்த சாம்பார்ச் சோறு கூடாது என்பதையும் அதே சீட்டில் எழுதுங்கள். உடல் எடையில் அரை சதவீதம் வெங்காயமே சிவப்பணுவைக் கெடுக்கும், 2 கிலோ குட்டிக்கு அது வெறும் 10 கிராம்.

தாயில்லாத பச்சைக் குட்டியின் கணக்கு இன்னும் கடுமையானது. நாய்ப் பாலில் 100 மில்லிக்கு ஏறக்குறைய 145 கிலோகலோரி, பசும்பாலில் 65. முந்நூறு கிராம் குட்டியின் வயிறு ஒரு தடவைக்கு 12 மில்லிதான் கொள்ளும், நாளைக்கு அதற்கு 60, 70 கிலோகலோரி வேண்டும். தண்ணீர் கலக்காத பசும்பாலிலேயே எட்டு ஒன்பது முறை புகட்டவேண்டும். "கனமா இருக்கும்னு பாதித் தண்ணி கலந்தேன்" என்றால் பதினாறு முறை. எந்த வீட்டிலும் நடக்கிற காரியமல்ல. கொதித்து ஆறிய எருமைப் பால் 100 மில்லியில் ஒரு முட்டை மஞ்சள்கருவைக் கலக்கிக் கொடுப்பது தற்காலிகமாகத் தாங்கும். செம்மறிப் பால் பசும்பாலைவிட நாய்ப் பாலுக்கு நெருக்கம். கிடை போடுகிற காலத்தில் கீதாரியிடம் கேட்டால் ஒரு டம்ளர் கிடைக்காமல் போகாது. எந்தப் பாலாக இருந்தாலும், உடல் வெப்பம் 35 டிகிரிக்குக் கீழ் போன குட்டிக்குப் புகட்டக் கூடாது, குடல் ஓடாது. முதலில் சூடு, பிறகுதான் பால்.

புழுவைப் பற்றி அதிகம் சொல்லவேண்டியதில்லை. உருண்டைப்புழு கருப்பையிலேயே வந்துவிடுகிறது, கொக்கிப்புழு தாய்ப்பாலில் வருகிறது. ஆகவே இரண்டாம் வாரத்தில் ஆரம்பித்து 2, 4, 6, 8 வாரங்களில், பிறகு ஆறு மாதம் வரை மாதமொரு முறை. தாய்க்கும் சேர்த்து. கொக்கிப்புழு முட்டை மலத்தில் தெரிய இரண்டு மூன்று வாரம் ஆகும், அதற்குள் ரத்தம் வற்றிக் குட்டி போய்விடும். மலம் சுத்தம் என்ற முடிவை நம்பி, வெளுத்த ஈறைக் கவனிக்காமல் விடவேண்டாம். ஆடு அறுக்கிற இடத்தில் குடலும் ஈரலும் பச்சையாகத் தின்று வளரும் குட்டிக்கு பிராசிகுவான்டல் சேர்த்தே ஆகவேண்டும். அது அந்த வீட்டுக் குழந்தைகளுக்கும் செய்கிற உபகாரம்.

உண்ணிதான் நாம் கோட்டைவிடுகிற இடம். வயிறாரத் தின்றும் ஏறாத, விட்டுவிட்டுக் காய்ச்சல் அடிக்கிற குட்டிக்குக் காது மடலிலிருந்து ஒரு சொட்டு ரத்தம் எடுத்துக் கண்ணாடியில் தடவிப் பார்க்காமல் இரண்டாவது டானிக் எழுதக் கூடாது. பெபீசியா கிப்சோனி என்ற கிருமியை 1910-இல் பேட்டன் முதன்முதலில் விவரித்ததே மெட்ராஸ் ஹன்ட் வேட்டை நாய்களின் ரத்தத்திலிருந்துதான். நம் மண்ணில் கண்டுபிடித்த நோயை நாமே தேடாமல் விடுகிறோம். பெரிய பெபீசியாவுக்கு இமிடோகார்ப் கேட்கும், கிப்சோனி அதற்கு அவ்வளவாக மசியாது. எர்லிக்கியாவுக்கு டாக்சிசைக்ளின் 28 நாள் முழுதாகப் போகவேண்டும். நாயின் மேல் இருக்கிற உண்ணியைப் பிடுங்கினால் மட்டும் தீராது. கல்சுவர் இடுக்கிலும் தொழுவத்து மண்சுவரிலும் ஒரே பெண் உண்ணி ஆயிரக்கணக்கில் முட்டையிட்டு வைத்திருக்கும்.

எலும்பும் தோலுமாகத் தெருவிலிருந்து தூக்கிவந்த குட்டிக்கு முதல் நாளே பிரியாணிக் கறி போட்டு, மூன்றாம் நாள் துவண்டுபோய்க் கொண்டுவருவது இப்போது அதிகமாகிறது. பட்டினி கிடந்த உடம்பில் திடீரென்று சோறு விழுந்தால் பாஸ்பேட்டும் பொட்டாசியமும் சரிந்துவிடும். முதல் நாள் ஓய்வுநிலைத் தேவையில் கால் முதல் மூன்றில் ஒரு பங்கு, நான்கைந்து நாளில் முழு அளவு, கூடவே தயமின். அளவு குறைகிறதே என்று வேளையைக் குறைக்கக் கூடாது. மிகச் சிறிய குட்டிகளில் ரத்தச் சர்க்கரை 60-க்குக் கீழே இறங்கி வலிப்பு வரும். வீட்டில் ஈறில் சர்க்கரைப் பாகு தடவச் சொல்லலாம். நம் மேஜைக்கு வந்தபின் 25 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் கிலோவுக்கு 1 மில்லி, நரம்பில், மெதுவாக.

'சதை பிடிக்க' ஸ்டீராய்டு ஊசி போடுகிற வழக்கத்தைப் பற்றி ஒரே வரி: பசியைக் கூட்டி, சதையைக் கரைத்து, வயிற்றை உப்பவைத்து, வீட்டுக்காரரை ஏமாற்றுகிற மருந்து அது. இவ்வளவும் சரியாக நடந்து, மூன்று வாரத்திலும் தராசு நகராவிட்டால் மேல் அண்ணம் பிளந்திருக்கிறதா, தின்றது செரிக்காமல் அப்படியே திரும்பி வருகிறதா, நெஞ்சில் முனகல் கேட்கிறதா என்று மறுபடி பார்த்துவிட்டு, மதுரைக்கோ நெல்லை ராமையன்பட்டிக் கல்லூரிக்கோ எழுதி அனுப்பலாம்.

நமக்கு வரும் நோயாளிக் குறிப்புகளில் மருந்தின் பெயர், கம்பெனி, அளவு எல்லாம் துல்லியமாக இருக்கின்றன. குட்டி தின்ற சோற்றைப் பற்றி ஒரு சொல் இருப்பதில்லை. அடுத்த இதழிலிருந்து நாய்க்குட்டி பற்றிய குறிப்பு எதுவானாலும் முதல் நாள் எடை, கடைசி நாள் எடை, உடல்நிலைப் புள்ளி, ஒரு நாள் சாப்பாட்டு விவரம் நான்கும் இருந்தால்தான் பிரசுரத்துக்கு எடுத்துக்கொள்வோம். டம்ளர், தேக்கரண்டி அளவில் எழுதியிருந்தாலும் ஏற்போம்; 'சரியான உணவு அறிவுறுத்தப்பட்டது' என்று மட்டும் எழுதியிருந்தால் குறிப்பு திரும்பி வரும்.